கைப்பேசியில் போகும் நேரத்தை மனிதர்களிடம் திருப்புவது எப்படி? எல்லையோரக் குடும்பங்களுக்கான செய்முறை விளக்கம்

சமூக ஊடகத்தில் செலவாகும் நேரத்தைக் குறைக்க வேண்டும் என்று கேட்பவர்களுக்கு, செயலிகளை அழித்துவிடுங்கள் என்பதே பெரும்பாலும் முதல் பதிலாகக் கிடைக்கிறது. தமிழக-கேரள எல்லையில், தேனி மாவட்டத்துக் கம்பம் பள்ளத்தாக்கில் இந்தப் பதில் எடுபடாது. கம்பம், கூடலூர், கோம்பை, போடி என்று எந்த ஊரை எடுத்துக்கொண்டாலும், பல குடும்பங்களுக்கு மலைக்கு அந்தப் பக்கம், கேரளத்தின் வண்டன்மேட்டிலோ நெடுங்கண்டத்திலோ உடும்பன்சோலையிலோ ஏலக்காய்த் தோட்டத்தை ஒட்டி ஒரு அண்ணனோ அக்காளோ கட்டிக்கொடுத்த மகளோ இருக்கிறார்கள். அவர்களோடு வாரம் முழுவதும் பேச்சு அறுந்துபோகாமல் வைத்திருப்பது வாட்ஸ்அப்தான். அதை அழித்தால் ரீல்ஸோடு சேர்ந்து அக்காளின் குரலும் போய்விடும். ஆகவே இந்தச் செய்முறை பிரித்தெடுக்கும் வேலையிலிருந்து தொடங்குகிறது. கைப்பேசிக்குள் வருவனவற்றில் எது ஒரு மனிதர் நமக்கென்று அனுப்பியது, எது நம்மைத் திரையின் முன் உட்கார்த்தி வைப்பதற்காகவே வருவது என்று பிரித்து, முதலாவதை வைத்துக்கொண்டு, இரண்டாவதைச் சுருக்கி, மிச்சமாகும் நேரத்தை நேரில் போய்வருவதற்கு ஒதுக்குவதே இதன் நோக்கம்.

தேவையான பொருள்கள்: உங்கள் கைப்பேசி, ஒரு பேனா, சுவரில் மாட்டும் மாதக் காலண்டர், வீட்டில் இருக்கும் மொய் நோட்டு.

படி 1: இப்போது நேரம் எங்கே போகிறது என்று பாருங்கள்

ஆண்ட்ராய்டு கைப்பேசியில் செட்டிங்ஸைத் திறந்து, கீழே இறங்கி, டிஜிட்டல் வெல்பீயிங் என்ற பகுதிக்குள் செல்லுங்கள். அன்றைக்குச் செலவான மொத்த நேரம், செயலி வாரியாகப் போன நேரம், கைப்பேசியின் பூட்டை எத்தனை முறை திறந்தீர்கள், எத்தனை அறிவிப்புகள் வந்தன என்பவை எல்லாம் அங்கே தெரியும். ஐபோன் வைத்திருப்பவர்களுக்கு இதே விவரம் செட்டிங்ஸுக்குள் ஸ்கிரீன் டைம் என்ற பெயரில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமையும் உள்ளிட்ட ஒரு வாரக் கணக்கைக் காலண்டரின் பின்பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள். இந்த வாரத்தில் எதையும் குறைக்க முயல வேண்டாம்.

மொத்த நேரத்தைவிடப் பூட்டைத் திறந்த எண்ணிக்கையே எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஒரு மணி நேரம் தங்கையோடு வீடியோவில் பேசியதும் ஒரு மணி நேரம் யாரென்றே தெரியாதவர்களின் சமையலைப் பார்த்ததும் நேரக் கணக்கில் ஒன்றுபோலத் தோன்றும்; ஆனால் காரணமே இல்லாமல் எடுத்து எடுத்துப் பார்த்ததைத் திறப்பு எண்ணிக்கை காட்டிக்கொடுத்துவிடும். அந்த எண்ணைக் கண்டு உங்கள் மன உறுதியைப் பழிக்க வேண்டியதில்லை. தள்ளத் தள்ள முடிவே இல்லாமல் வந்துகொண்டிருக்கும் பக்க அமைப்பை 2006-ல் வடிவமைத்த ஏசா ராஸ்கினே, அது மனிதர்களை இந்த அளவுக்குக் கட்டிப்போட்டதைக் கண்டு பின்னாளில் வெளிப்படையாக வருத்தம் தெரிவித்திருக்கிறார்.

படி 2: மொய் நோட்டைத் திறங்கள்

யாரோடு உறவை வளர்த்துக்கொள்ள வேண்டும் என்ற பட்டியலைக் கைப்பேசியின் தொடர்பு எண்களிலிருந்து எடுத்தால் கேஸ் ஏஜென்சியும் எலக்ட்ரீஷியனும் அதில் வந்து நிற்பார்கள். பேஸ்புக் நட்புப் பட்டியலோ அதைவிட மோசம். நம் வீட்டுக் காதுகுத்துக்கும் கல்யாணத்துக்கும் தோட்ட வேலையை விட்டுவிட்டு, பஸ் மாறி வந்து நின்றவர்கள் யார் என்பதற்கு ஊர், பெயர், தொகை என்று வரிசையாக எழுதிய மொய் நோட்டைப் போல நம்பகமான ஆவணம் வேறு கிடையாது. ஒருவர் நிலையான உறவாகப் பேணக்கூடியவர்கள் ஏறத்தாழ 150 பேர், அதற்குள் நெருக்கமானவர்கள் 15 பேர், உயிருக்கு உயிரானவர்கள் 5 பேர் என்று பிரிட்டிஷ் மானுடவியலாளர் ராபின் டன்பார் 1990-களிலிருந்து சொல்லிவருகிறார். இந்த எண்களை அப்படியே பிடித்துக்கொள்ள வேண்டாம். பதினைந்து பெயர்களுக்கு மேல் முதல் பட்டியலில் ஏற்றாமல் இருப்பதற்கு அவை ஒரு வரம்பாக உதவினால் போதும்.

எழுதும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். மொய் நோட்டில் பெரும்பாலும் ஆண்களின் பெயர்தான் இருக்கும். கூடலூர் மாமா பெயரில் நூற்றியொன்று எழுதியிருப்பார்கள். முதல் நாள் இரவே வந்து வெங்காயம் உரித்து, பந்தி முடியும் வரை அடுப்படியை விட்டு நகராத அயித்தையின் பெயர் எந்த வரியிலும் இருக்காது. அப்படிப்பட்டவர்களைத் தனியே நினைத்துப் பார்த்து எழுதுங்கள். பள்ளிக்கூடத்துத் தோழிகள், தோட்டத்தில் ஒரே நிரையில் காய் எடுப்பவர்கள், குமுளியில் கடை வைத்திருக்கும் மலையாளி நண்பர் ஆகியோரும் நோட்டுக்கு வெளியே இருப்பவர்களே.

பிறகு ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஓர் அடையாளம் இடுங்கள். நடந்தே போய்விடக் கூடியவர்கள், மலை ஏறிப் போய் ஒரே நாளில் திரும்பக் கூடியவர்கள், வளைகுடாவிலோ திருப்பூரிலோ இருப்பதால் இப்போதைக்குக் கைப்பேசி மட்டுமே வழியாக உள்ளவர்கள் என்று மூன்று வகை போதும். அடுத்து வரும் படிகள் எல்லாம் இந்தத் தாளைச் சார்ந்தவை என்பதால் இதை அவசரமாக முடித்துவிட வேண்டாம்.

படி 3: குழுக்களைச் சலித்தெடுங்கள்

வாட்ஸ்அப்பில் உள்ள குழுக்களை ஒவ்வொன்றாகத் திறந்து, இது இல்லாவிட்டால் நாளைக்கு எனக்கு என்ன நின்றுபோகும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். புத்தடியிலும் போடிநாயக்கனூரிலும் நடக்கும் ஸ்பைசஸ் போர்டின் ஏலக்காய் மின்னணு ஏலத்தின் விலை வரும் குழு விவசாயிக்கும் வியாபாரிக்கும் வேண்டும். எந்த ஜீப்பில் இடம் இருக்கிறது, நாளைக்குத் தோட்டத்தில் வேலை உண்டா என்று தெரிவிக்கும் குழு தொழிலாளிக்கு வேண்டும். பள்ளிக் குழுவும் வேண்டும். மற்றவற்றைத் திறந்து, மேலே உள்ள குழுவின் பெயரைத் தொட்டு, மியூட் என்பதில் எப்போதும் என்பதைத் தேர்ந்தெடுங்கள். யாரேனும் உங்கள் பெயரைக் குறிப்பிட்டு அழைத்தால் அப்போதும் தெரிந்துவிடும். பின்பு அந்தக் குழுவை நீண்ட நேரம் அழுத்திப் பிடித்து ஆர்க்கைவ் செய்துவிட்டால் அது கண்ணிலிருந்தே மறைந்துவிடும். படமும் வீடியோவும் தாமாக இறங்குவதை, செட்டிங்ஸில் ஸ்டோரேஜ் அண்ட் டேட்டா என்ற பகுதியில் நிறுத்திக்கொள்ளலாம்.

சொந்தபந்தக் குழுவிலிருந்து மட்டும் வெளியேற வேண்டாம் என்பது என் கருத்து. 2022 முதல் ஒருவர் வெளியேறினால் அட்மினுக்கு மட்டுமே அறிவிப்புப் போகிறது என்பது உண்மைதான்; ஆனால் நம் பக்கத்தில் அந்த அட்மின் பெரும்பாலும் பெரியப்பாவாக இருப்பார்.

படி 4: நேர வரம்பு வையுங்கள்

முதல் படியில் பார்த்த அதே டிஜிட்டல் வெல்பீயிங் பகுதியில், செயலியின் பெயருக்கு அருகே உள்ள மணற்கடிகாரப் படத்தைத் தொட்டால் அந்தச் செயலிக்கு ஒரு நாளைக்கு இத்தனை நிமிடம் என்று வரம்பு வைக்கலாம். நேரம் முடிந்ததும் செயலி நின்றுவிடும். நள்ளிரவில் கணக்கு மீண்டும் தொடங்கும். வரம்பை இன்ஸ்டாகிராம், பேஸ்புக், யூடியூப் ஆகியவற்றுக்கு வையுங்கள், வாட்ஸ்அப்புக்கு வேண்டாம். இப்போது ஆகும் நேரத்தில் கால் பங்கைக் குறைத்துத் தொடங்கினால் போதும். யூடியூபில் ஆட்டோபிளேயையும் அணைத்துவிடுங்கள்.

படி 5: செய்தியைச் சந்திப்பாக மாற்றுங்கள்

இதுவே இந்தச் செய்முறையின் நடுப்பகுதி. ரோஜாப் பூவும் காலை வணக்கமும் உள்ள படத்தை ஒருவருக்கு ஆண்டு முழுவதும் அனுப்பினாலும், அவருடைய மூட்டு வலி இப்போது எப்படி இருக்கிறது என்பது நமக்குத் தெரியப்போவதில்லை. அனுப்பும் செய்தியில் அவருக்கு மட்டுமே பொருந்தும் ஒரு கேள்வியும், முடிந்தால் ஒரு நாளும் இருக்க வேண்டும். எழுதத் தயங்குபவர்கள் குரல் பதிவாக அனுப்பலாம். உதாரணத்துக்கு இப்படி: “அயித்தை, கால் வலி எப்படி இருக்கு? தைலம் தேய்ச்சீகளா? ஞாயித்துக்கிழம கம்பம்மெட்டு வரைக்கும் ஒரு வேலையா வர்றேன். சாயந்தரம் வீட்டுக்கு வரட்டுமா?” இதற்கு ஒரு கட்டை விரல் படத்தைப் பதிலாக அனுப்பி முடித்துக்கொள்ள எந்த அயித்தையாலும் முடியாது.

தோட்டத்து வீடுகளில் இருப்பவர்களுக்குச் செய்தி அனுப்பும்போது சிக்னல் கிடைக்கும் நேரத்தைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். லயத்துக்கு (தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு) மேலே உள்ள மேட்டில் ஏறினால்தான் கோடு வரும் என்ற நிலையில் இருப்பவரை, பகலில் நாலு முறை அழைத்துவிட்டு, போனை எடுப்பதே இல்லை என்று குறைபட்டுக்கொள்வது நியாயமில்லை. வேலை முடிந்து அவர் மேட்டுக்கு வரும் நேரம் இன்னது என்று தெரிந்தால், அதையே வாரத்தில் ஒரு நாள் பேசும் நேரமாக இருவரும் பேசி வைத்துக்கொள்ளலாம்.

பிறகு காலண்டரை எடுத்து, எப்படியும் ஊர் கூடும் நாள்களைக் குறியுங்கள். முல்லைப் பெரியாறு அணையைக் கட்டிய கர்னல் பென்னிகுயிக் பிறந்த நாளான ஜனவரி 15, பொங்கலோடு ஒட்டியே வருகிறது. வீரபாண்டி கௌமாரியம்மன் கோயில் திருவிழா சித்திரையில். அதே மாதத்துப் பௌர்ணமியன்று, ஆண்டுக்கு ஒரே ஒரு நாள் மட்டும் பக்தர்களுக்குத் திறக்கும் மங்கலதேவி கண்ணகி கோயிலுக்குக் குமுளியிலிருந்து ஜீப்பிலும், இந்தப் பக்கம் பளியன்குடி வழியாக நடந்தும் ஆள்கள் ஏறுவார்கள். தனியே கிளம்பிப் போய் வாசலில் செல்பி எடுத்து ஸ்டேட்டஸ் வைப்பதற்குப் பதிலாக, உங்கள் பட்டியலில் மலைக்கு மேலே உள்ள ஒருவரைக் குமுளி வழியாக வரச்சொல்லிவிட்டு, நீங்கள் கீழேயிருந்து ஏறினால், கோயிலில் சந்தித்துக் கட்டுச்சோற்றைச் சேர்ந்து பிரிக்கலாம். பிளாஸ்டிக் பாட்டிலை விட மாட்டார்கள் என்பதால் தண்ணீரை எவர்சில்வர் பாத்திரத்தில் எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 6: துட்டிக்குப் போன் போதாது

கல்யாணத்துக்குப் போக முடியாவிட்டால் மொய்யை ஜிபே செய்துவிடலாம். ஒருவரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. இறப்பு அப்படி இல்லை. குழுவில் கண்ணீர் அஞ்சலிப் படம் வந்தவுடன் கைகூப்பும் படங்கள் வரிசையாக விழுகின்றன. அனுப்பியவர்களில் பலருக்குத் துட்டி கேட்டு முடித்துவிட்ட நிறைவு அப்போதே வந்துவிடுகிறது. அந்த வீட்டில் இருப்பவர்களோ வாசலைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள். யார் வந்தார்கள், யார் வரவில்லை என்பது பத்தாண்டு கழித்தும் பேசப்படுவது இந்த ஒன்றில்தான். எனவே ஒரு விதியாகவே வைத்துக்கொள்ளுங்கள்: பட்டியலில் உள்ளவர் வீட்டு இறப்புக்குக் குழுவில் எதையும் போடுவதற்கு முன், என்றைக்கு நேரில் போகிறோம் என்பதைத் தீர்மானியுங்கள். எடுத்த அன்று போக முடியாதவர்கள், பதினாறு முடிவதற்குள் ஒரு நாள் போய் அரைமணி நேரம் உட்கார்ந்துவிட்டு வரலாம். பேசத் தெரியாதவர்கள் பேசாமல் உட்கார்ந்திருந்தாலும் குறைவில்லை.

படி 7: அணையைப் பற்றிய ஃபார்வர்டு வந்தால்

எல்லையோரத்தில் இருப்பவர்களுக்கென்றே ஒரு தனிப் படி தேவைப்படுகிறது. மழை வலுத்து முல்லைப் பெரியாற்றில் நீர்மட்டம் ஏறினால், எங்கோ எப்போதோ எடுத்த வெள்ள வீடியோக்கள் புதியவை போலச் சுற்ற ஆரம்பிக்கும். 1895-ல் கட்டி முடித்த அணை, 2014-ல் உச்ச நீதிமன்றம் 142 அடி வரை தேக்க அனுமதித்த தீர்ப்பு, இரு மாநில வழக்குகள் என்று பேசுவதற்கு எவ்வளவோ இருக்க, கைப்பேசிக்குள் வருவது வசவும் பயமும்தான். 2011 டிசம்பரில் எல்லையில் போக்குவரத்து நின்று, மலையிலிருந்து தோட்டத் தொழிலாளர்கள் இறங்கி வந்த நாள்களை அனுபவித்தவர்களுக்கு, இந்த வகைப் பேச்சு எங்கே கொண்டுபோய் விடும் என்று விளக்கத் தேவையில்லை.

அப்படி ஒன்று வந்தால் முதலில் அதன் மேலே இரட்டை அம்புக்குறி இருக்கிறதா என்று பாருங்கள். பல முறை கைமாறி வந்த செய்தி என்பதற்கு அது அடையாளம். அவ்வகைச் செய்தியை ஒரு நேரத்தில் ஒரே ஓர் உரையாடலுக்குத்தான் அனுப்ப முடியும் என்று வாட்ஸ்அப் 2020 ஏப்ரலில் கட்டுப்பாடு கொண்டுவந்தது. அந்த ஒன்றுக்கும் அனுப்பாமல், பட்டியலில் அந்தப் பக்கம் இருப்பவரைக் கூப்பிடுங்கள். குமுளியிலோ வண்டிப்பெரியாற்றிலோ இருக்கும் நண்பருக்கு மழை எவ்வளவு, சாலை திறந்திருக்கிறதா என்பது ஜன்னலைத் திறந்தாலே தெரியும். அவர் மலையாளி என்றால், அவருடைய கைப்பேசிக்கு இதே அணையைப் பற்றி வேறு விதமான பயத்தோடு என்ன வந்திருக்கிறது என்பதையும் கேட்டுப் பாருங்கள்.

போன இடத்தில் எல்லோரும் கைப்பேசியில் இருந்தால்

இந்தச் செய்முறையைத் தொடங்குபவர்கள் சீக்கிரத்திலேயே சந்திக்கும் சிக்கல் இது. பஸ் ஏறி, ஜீப் மாறி ஒரு வீட்டுக்குப் போனால், காபியைக் கொடுத்துவிட்டு ஆளுக்கு ஒரு மூலையில் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். கைப்பேசியை வையுங்கள் என்று விருந்தாளி சொல்வது முறையாகாது. கைக்கு வேலை கொடுப்பது பலன் தருகிறது. போகும்போது இரண்டு கிலோ மொச்சைக்காயை வாங்கிக்கொண்டு போய் நடுவீட்டில் கொட்டி உரிக்க உட்கார்ந்தால், பத்து நிமிடத்தில் வீட்டுப் பெண்கள் வந்து சேர்ந்துவிடுவார்கள். பிள்ளைகளும் பேச்சைக் கேட்க நெருங்கி வருவார்கள். தோட்டத்து வீடாக இருந்தால் உலர்ந்த ஏலக்காயைத் தரம் பிரிக்கும் வேலையில் நாமும் சேர்ந்துகொள்ளலாம். பதின்வயதுப் பிள்ளைகளிடம் மட்டும், அவர்கள் பார்க்கும் வீடியோவைக் காட்டச் சொல்லி ஐந்து நிமிடம் உண்மையாகவே பார்த்துவிட்டு, அதைப் பற்றி இரண்டு கேள்வி கேளுங்கள். அதற்கு அப்புறம் பேச்சு வீடியோவை விட்டு எங்கேயாவது போகும்.

உட்கார்ந்தவுடனே கீழே இறங்கும் கடைசி வண்டி எத்தனை மணிக்கு என்று விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள். அது தெரியாமல் இருந்தால் மணி பார்க்கிறேன் என்று நாமே கைப்பேசியை எடுத்துக்கொண்டே இருப்போம். கிளம்பும்போது அடுத்து யார் யார் வீட்டுக்கு, எந்த மாதம் வருவது என்று பேசி, அந்த வீட்டுக் காலண்டரிலேயே குறித்துவிட்டுப் புறப்படுங்கள்.