முகாமைத்துவ பீடத்தின் பெயரை உரசிப் பார்ப்பது எப்படி?

உயர்தரப் பெறுபேறு வந்த கையோடு வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வணிகப் பிரிவில் படித்த பிள்ளை இருக்கும் வீடுகளில் ஒரே பேச்சுத்தான்: கொழும்பா, ஜயவர்தனபுரவா? பதிலும் உடனே வந்துவிடும். டியூஷன் சேர் ஒன்று சொல்வார், வங்கியில் வேலை செய்யும் மாமா இன்னொன்று சொல்வார். யாரும் பொய் சொல்வதில்லை. ஆனால் அவர்கள் சொல்வது தாங்கள் படித்த காலத்துப் பீடத்தைப் பற்றி. பெயர் பல்கலைக்கழகத்துக்குரியது, உங்கள் நான்கு வருடம் கழியப்போவது ஒரு திணைக்களத்தில், ஒரு குறிப்பிட்ட பட்டத்தில். உரசிப் பார்க்க வேண்டியது அந்தப் பட்டத்தை. இரண்டு கிழமை ஒதுக்கினால் போதும், செலவு பஸ் காசுதான்.

களத்தில் யார் யார்

கொழும்புப் பல்கலைக்கழகத்தின் வேர் 1921இல் தொடங்கிய பல்கலைக்கழகக் கல்லூரி வரை போகிறது. ஆனால் அதன் முகாமைத்துவ, நிதிப் பீடம் 1994இல்தான் உருவானது, பட்டம் பி.பி.ஏ. (வணிக நிர்வாக இளமாணி). நுகேகொடை, கங்கொடவிலையில் இருக்கும் ஸ்ரீ ஜயவர்தனபுர பல்கலைக்கழகம் 1873இல் தொடங்கிய வித்தியோதய பிரிவெனாவின் வழிவந்தது. நாட்டின் மிகப் பெரிய முகாமைத்துவ பீடம் அங்கேதான் உள்ளது. கணக்கீடு, நிதி, சந்தைப்படுத்தல், மனிதவளம், காணி மதிப்பீடு என்று பட்டங்களின் பட்டியல் நீளும். தளுகமவில் களனிப் பல்கலைக்கழகத்தின் வணிக, முகாமைத்துவக் கற்கைகள் பீடம். கட்டுபெத்தையில் மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தின் வணிகப் பீடம். இது வயதில் இளையது, எண்களோடும் தரவுகளோடும் கூடுதலாகப் புழங்குவது.

பெரிய பீடம் என்றால் தெரிவுகள் அதிகம், உண்மைதான். ஆனால் பொது முதலாம் ஆண்டுக்குப் பிறகு புள்ளி அடிப்படையில் பட்டத்தைப் பிரித்துக் கொடுக்கும் பீடத்தில், நீங்கள் ஆசைப்பட்ட பட்டம் கையில் இல்லை, முதலாம் ஆண்டுப் பெறுபேற்றில்தான் இருக்கிறது. ஆகவே பீடக் கைநூலை எடுத்ததும் முதலில் தேட வேண்டியது இது: எந்தப் பட்டம் எப்போது தீர்மானிக்கப்படுகிறது, ஒவ்வொன்றுக்கும் எத்தனை இடம்? இதைப் பார்க்காமல் போனவர்கள்தான் கணக்கீட்டுக்கு என்று போய் வேறொன்றில் முடிப்பவர்கள்.

வெட்டுப்புள்ளி எதைச் சொல்கிறது

வெட்டுப்புள்ளி என்பது உயர்தரப் பெறுபேற்றிலிருந்து கணிக்கும் இசட் புள்ளியில் அனுமதிக்குத் தேவையான குறைந்தபட்சம். பலர் அதைத் தரத்தின் அளவாகவே எடுத்துக்கொள்கிறார்கள். அது காட்டுவது அந்தப் படிப்புக்கு இருக்கும் கிராக்கியை மட்டும்தான். அதுவும் மாவட்டத்துக்கு மாவட்டம் மாறும். பெரும்பாலான கற்கைநெறிகளில் 40 சதவீத இடங்கள் அகில இலங்கைத் திறமைக்கும், 55 சதவீதம் மாவட்டச் சனத்தொகை விகிதத்துக்கும், 5 சதவீதம் வசதி குறைந்த 16 மாவட்டங்களுக்கும் போகின்றன. கொழும்பு மாவட்டத்தின் புள்ளியை முல்லைத்தீவின் புள்ளியோடு வைத்துப் பார்ப்பதில் பொருளில்லை. உங்கள் மாவட்டத்தின் மூன்று வருடப் புள்ளிகளைப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் தளத்தில் எடுத்து அருகருகே எழுதுங்கள். ஒரே வருடத்தை மட்டும் பார்த்தால் ஏமாறுவீர்கள்; அந்த வருடம் புதிதாக ஒரு பீடம் திறந்திருந்தாலே எல்லாப் புள்ளிகளும் ஆடிவிடும்.

விருப்ப ஒழுங்கு எழுதும்போது நடக்கும் பெரிய தவறு, "கிடைக்கக்கூடியதை" முதலாவதாகப் போடுவது. தெரிவு நடப்பது இசட் புள்ளியின்படி, நீங்கள் கொடுத்த ஒழுங்கில். மேலே எட்டாத ஒன்றைப் போட்டதற்காகக் கீழே உள்ளது பறிபோகாது. ஆனால் மேலே பாதுகாப்பானதைப் போட்டால் அது கிடைத்துவிடும், கீழே எழுதிய நல்லதை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். உண்மையான விருப்பத்தின் ஒழுங்கிலேயே எழுதுங்கள்.

யாரும் வாசிக்காத அறிக்கை

ஒரு பட்டத்தைப் பற்றிக் கிடைக்கக்கூடிய மிகப் பயனுள்ள ஆவணம், மானியங்கள் ஆணைக்குழுவின் தர உறுதிப்பாட்டுச் சபை வெளியிடும் நிகழ்ச்சித்திட்ட மீளாய்வு அறிக்கை. வேறு பல்கலைக்கழகங்களின் பேராசிரியர்கள் நேரில் போய், நிகழ்ச்சித்திட்ட நிர்வாகம், மனித மற்றும் பௌதிக வளம், பாடவடிவமைப்பு, கற்பித்தல், மாணவர் ஆதரவு, மதிப்பீடு என்று எட்டு அளவுகோல்களில் புள்ளி போடுகிறார்கள். 2015ஆம் ஆண்டு மீளாய்வுக் கைநூலின்படி 80க்கு மேல் ஏ, 70க்கு மேல் பி, 60க்கு மேல் சி. மொத்தப் புள்ளி மட்டும் போதாது. ஏ எடுக்க எட்டு அளவுகோலிலும் குறைந்தபட்சத்தைத் தாண்ட வேண்டும்.

எழுத்தைப் பார்த்துவிட்டு மூடிவிடாதீர்கள். நேரே கடைசிப் பக்கங்களுக்குப் போங்கள். "விதந்துரைகள்" என்ற தலைப்பில் மரியாதையான மொழியில் எழுதியிருப்பதைத்தான் உற்று வாசிக்க வேண்டும். "ஆளணி வலுப்படுத்தப்படலாம்" என்றால் விரிவுரையாளர் போதாது. "மாணவர் பின்னூட்டத்தை முறைப்படுத்தலாம்" என்றால் இப்போது யாரும் கேட்பதில்லை. அறிக்கையின் ஆண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். ஐந்தாறு வருடப் பழையது என்றால், அந்த விதந்துரைகளில் எவை நிறைவேறின என்பதுதான் திணைக்களத்தில் நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி.

உலகத் தரவரிசைகளை இதோடு குழப்ப வேண்டாம். செய்தித்தாளில் வரும் இடம் பெரும்பாலும் முழுப் பல்கலைக்கழகத்துக்கானது. அதில் மருத்துவ, விஞ்ஞான பீடங்களின் ஆய்வுகளும் சேர்ந்திருக்கும். வெபோமெட்ரிக்ஸ் என்ற தரவரிசையில் இணையத்தில் தெரியும் அளவுக்கும் இடமுண்டு, வகுப்பறைக்கு இல்லை. வணிகக் கல்வி நிறுவனங்களை அங்கீகரிக்கும் ஏ.ஏ.சி.எஸ்.பி. போன்ற சர்வதேச அமைப்பின் பெயரைப் பதாகையில் கண்டால், அது அங்கீகாரமா வெறும் உறுப்புரிமையா என்று அந்த அமைப்பின் தளத்திலேயே தேடுங்கள். உறுப்புரிமை கட்டணம் கட்டிச் சேர்வது. அங்கீகாரம் வருடக்கணக்கில் சோதித்துக் கொடுப்பது. பதாகையில் இரண்டும் ஒரே அளவு எழுத்தில்தான் இருக்கும்.

வகுப்பில் நிற்பது யார்

திணைக்களத்தின் ஆளணிப் பட்டியலைத் திறந்து நான்கு விதமாகப் பிரியுங்கள்: பேராசிரியர்கள், முதுநிலை விரிவுரையாளர்கள், தகுதிகாண் விரிவுரையாளர்கள், தற்காலிக ஆட்கள். பிறகு கல்வி விடுமுறையில் இருப்பவர்களை வெட்டுங்கள். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். இளம் விரிவுரையாளர் பலர் கலாநிதிப் பட்டத்துக்கு வெளிநாடு போயிருப்பார்கள், பெயர் மட்டும் தளத்தில் இருக்கும். 2022 நெருக்கடிக்குப் பிறகு திரும்பி வராதவர்களும் உண்டு. இருபது பெயரில் எத்தனை பேர் இந்தத் தவணை உண்மையில் கற்பிக்கிறார்கள் என்பதுதான் கணக்கு. திணைக்கள அறிவித்தல் பலகையில் இருக்கும் நேரசூசியை ஒரு படம் எடுத்தால் விடை கிடைத்துவிடும்.

வெளியிலிருந்து வரும் வருகை விரிவுரையாளர் என்றால் குறை என்று எண்ண வேண்டாம். வரிவிதிப்பையும் கணக்காய்வையும் தொழிலில் இருப்பவர் கற்பிப்பது நல்லதே. கட்டாயப் பாடங்களில் பாதிக்கு மேல் அப்படியென்றால்தான் யோசிக்க வேண்டும். ஆய்வுக் கட்டுரைக்கு வழிகாட்ட ஆள் தட்டுப்பாடாகும்.

கிரெடிட் கணக்கு

பட்டங்களின் மட்டத்தை வரையறுக்கும் இலங்கைத் தகைமைச் சட்டகத்தில் மூன்று வருடப் பொதுப் பட்டம் 5ஆம் மட்டம், 90 கிரெடிட். நான்கு வருடச் சிறப்புப் பட்டம் 6ஆம் மட்டம், 120 கிரெடிட். ஒரு கிரெடிட் என்றால் வகுப்பு, வாசிப்பு, ஒப்படை எல்லாம் சேர்த்து 50 மணித்தியாலம், வருடத்துக்கு 1500. தொழிற்பயிற்சிக்கும் ஆய்வுக்கும் ஒரு கிரெடிட் 100 மணித்தியாலம். எனவே உள்ளகப் பயிற்சிக்கு 6 கிரெடிட் என்று போட்டிருந்தால் 600 மணித்தியாலம், ஏறத்தாழ நான்கு மாத முழுநேர வேலை. பயிற்சி இடத்தைப் பீடம் எடுத்துக் கொடுக்கிறதா, மாணவரே அலைய வேண்டுமா என்று கேளுங்கள். தொழிலுலகில் ஒரு பீடத்துக்கு இருக்கும் மதிப்பைக் காட்ட இதைவிட நேரடியான அளவுகோல் இல்லை.

கணக்கீடு, நிதி படிக்கப் போகிறவர்கள் தொழில்சார் பரீட்சை விலக்களிப்பையும், அதாவது பட்டம் இருப்பதால் எழுதத் தேவையில்லாத பரீட்சைகளையும், பார்க்க வேண்டும். பீடத்தின் கையேட்டை நம்பாமல் சி.ஏ. ஸ்ரீ லங்கா, சிமா, ஏ.சி.சி.ஏ. ஆகிய கணக்கீட்டுத் தொழில் அமைப்புகளின் தளங்களில் உங்கள் பட்டத்தின் சரியான பெயரைப் போட்டுத் தேடுங்கள். விலக்களிப்பு பட்டத்துக்கு உரியது, பல்கலைக்கழகத்துக்கு அல்ல. அதே பீடத்தின் சந்தைப்படுத்தல் பட்டதாரிக்கு மிகக் குறைவாகவே கிடைக்கலாம். பாடத்திட்டம் மாறினால் விலக்களிப்பும் மாறும். விலக்களிப்புக்கும் கட்டணம் உண்டு, இறுதிக் கட்டப் பரீட்சைகளுக்கு விலக்களிப்பே கிடையாது என்பதையும் வீட்டில் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

படித்து முடித்தவர்கள் எங்கே

"95 சதவீதம் வேலைவாய்ப்பு" மாதிரியான வசனம் கண்டால் இரண்டு கேள்வி: எத்தனை பேரிடம் கேட்டார்கள், எந்த நாளில் கேட்டார்கள்? பட்டமளிப்பு விழா நாளில் கேட்டால் படிப்பு முடிந்து பல மாதம் ஓடியிருக்கும். அதற்குள் ஏதோ ஒரு வேலை எல்லோருக்கும் கிடைத்திருக்கும். நீங்களே லிங்க்ட்இன்னில் அந்தப் பட்டத்தின் பெயரையும் மூன்று வருடத்துக்கு முந்திய ஆண்டையும் போட்டு முப்பது பேரைப் பாருங்கள். இப்போதைய பதவியை விடுங்கள், முதல் வேலையைக் குறியுங்கள். நல்ல வேலையில் இருப்பவர்தான் அங்கே கூடுதலாக எழுதுவார் என்பதால், வரும் படத்திலிருந்து கொஞ்சம் கழித்தே எண்ண வேண்டும்.

பிறகு ஒரு வேலைநாளில் நேரில் போங்கள். கோட்டையிலிருந்து 138 எடுத்தால் தும்முல்லையில் இறங்கிக் கொழும்புப் பல்கலைக்கழகம், அதே பஸ்ஸில் விஜேராம சந்தி வரை போனால் ஜயவர்தனபுர. இரண்டையும் ஒரே நாளில் பார்க்கலாம். நூலகத்தில் மாலை நான்கு மணிக்கு இருக்கை கிடைக்கிறதா, கணினிகள் இயங்குகின்றனவா? மூன்றாம் வருட மாணவரிடம் மூன்று கேள்வி போதும். போன தவணைப் பெறுபேறு எத்தனை மாதத்தில் வந்தது? நான்கு வருடப் பட்டம் உங்கள் பெட்ச்சுக்கு எத்தனை வருடத்தில் முடியும்? டியூட்டோரியல் வகுப்பில் எத்தனை பேர்? பகிடிவதை பற்றியும் வெளிப்படையாகக் கேளுங்கள். அதற்கெதிரான சட்டம் 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கம், முறைப்பாட்டை எடுப்பவர் யார் என்று பீடத்திலேயே விசாரிக்கலாம்.

தமிழ் மொழிமூலத்தில் உயர்தரம் எழுதியவர்களுக்கு இன்னொன்று. இந்தப் பீடங்களில் விரிவுரையும் பரீட்சையும் பெரும்பாலும் ஆங்கிலத்தில். முதலாம் தவணையில் புள்ளி சரிவது கணக்குத் தெரியாததால் அல்ல, விடையை நேரத்துக்குள் எழுத முடியாததால். அனுமதிக்காகக் காத்திருக்கும் மாதங்கள் அதற்கே போதும். சி.ஏ. ஸ்ரீ லங்காவின் ஆரம்பநிலைப் பழைய வினாத்தாள்களை எடுத்து, கிழமைக்கு இரண்டு விடை, கடிகாரம் வைத்து, கையால் எழுதிப் பழகுங்கள். முதலாம் வருட ஜி.பி.ஏ.யை (சராசரித் தரப் புள்ளியை) இழுத்து நிமிர்த்துவது கடினம்; முதல் வகுப்புக்கு 3.70, மேல் இரண்டாம் வகுப்புக்கு 3.30 வேண்டும்.

எம்.பி.ஏ.க்குப் பார்ப்பவர்கள்

இங்கே கட்டணம் உண்டு, ஆகவே இன்னும் கவனம். மேற்சொன்ன பீடங்களோடு, ஜயவர்தனபுர பல்கலைக்கழகத்தோடு இணைந்து 1986 முதல் இயங்கும் பட்டப்பின் முகாமைத்துவ நிறுவகமும் பொரளைப் பக்கம், கொழும்பு 8இல் இருக்கிறது. முதலில் மட்டத்தைக் கேளுங்கள். பாடங்களை மட்டும் கொண்ட முதுமாணி 9ஆம் மட்டம், 30 கிரெடிட். ஆய்வும் சேர்ந்தது 10ஆம் மட்டம், 60 கிரெடிட். பின்னர் கலாநிதிப் படிப்புக்கோ பல்கலைக்கழகப் பதவிக்கோ போகும் எண்ணம் இருந்தால் இந்த வித்தியாசம்தான் கதவைத் திறக்கும் அல்லது மூடும். பதவி உயர்வுக்கு மட்டும் என்றால் 9 போதும், காசும் மிச்சம்.

சனி, ஞாயிறு வகுப்புகளை எல்லோரும் எப்படியோ முடித்துவிடுவார்கள். 10ஆம் மட்டத்தில் ஆள் விழுவது ஆய்வுக் கட்டுரையில். ஒரு தொகுதியில் சேர்ந்தவர் எத்தனை, உரிய காலத்தில் பட்டம் பெற்றவர் எத்தனை, ஒரு மேற்பார்வையாளருக்கு எத்தனை மாணவர், காலம் தவறினால் நீடிப்புக்கு எவ்வளவு கட்டணம் என்று நேர்முகத்துக்கு முன்பே இணைப்பாளரிடம் மின்னஞ்சலில் கேட்டு, பதிலை அச்செடுத்து வைத்துக்கொண்டு முதல் தவணைக் காசைக் கட்டுங்கள்.