பழைய மான் ரைஃபிளுக்குத் தோட்டா வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

வேட்டைப் பருவம் நெருங்கும்போது சுடுதளத்தில் அடிக்கடி பார்க்கிறேன்: தாத்தாவிடமிருந்து வந்த ரைஃபிள், பக்கத்தில் புதுத் தோட்டாப் பெட்டி, எதிரே காகிதத்தில் கண்டபடி விழுந்த ஓட்டைகள். ஆரம்பத்தில் நான் சறுக்கிய இடங்களில்தான் புதியவர்களும் சறுக்குகிறார்கள். துருப்பிடித்த தோட்டாவைச் சுடக்கூடாது என்பது போன்றவை யாருக்கும் தெரியும், அவற்றை விட்டுவிடுகிறேன்.

குழலில் பொறித்திருப்பதை அப்படியே நம்புவது

பல கை மாறி வந்த துப்பாக்கியில் நடுவில் யாராவது சேம்பரை, அதாவது தோட்டா உட்காரும் அறையை, குடைந்து வேறு தோட்டாவுக்கு ஏற்றதாக மாற்றியிருக்கலாம். பொறித்த எழுத்து மட்டும் பழையபடியே இருக்கும். பொறிப்பு சரியாக இருந்தாலும் தொல்லை தீராது. 8 மி.மீ. மவுசரை எடுத்துக்கொள்ளுங்கள். 1888-இல் வந்த தோட்டாவின் குண்டு (குழலிலிருந்து பறந்து போகும் முனைப்பகுதி) 0.318 அங்குல விட்டம். பின்னால் வந்த ‘எஸ்’ வகைக்கு 0.323 அங்குலம். பெயரில் ஓர் எழுத்துதான் வித்தியாசம், ஆனால் தடித்த குண்டைக் குறுகிய குழலில் சுட்டால் அழுத்தம் ஆபத்தான அளவுக்கு ஏறும். முதல் பெட்டி வாங்கும் முன் ஒரு கன்ஸ்மித்திடம் (துப்பாக்கி பழுதுபார்ப்பவர்) கொடுத்து சேம்பரையும் குழலின் உள்விட்டத்தையும் அளந்து வாங்குங்கள்.

எடையைப் பார்த்து வாங்குவது, குழலின் முறுக்கை மறப்பது

எனக்கு இன்றும் எரிச்சல் தருவது இதுதான். தெரிந்த இளைஞர் ஒருவருக்குக் குடும்பத்திலிருந்து 244 ரெமிங்டன் ரைஃபிள் வந்தது. மானுக்குக் கனமான குண்டுதான் வேண்டும் என்று கடையில் யாரோ சொல்ல, 6 மி.மீ. ரெமிங்டன் தோட்டா, 100 கிரெய்ன் (குண்டின் எடையைச் சொல்லும் அலகு) கூர்முனைக் குண்டு, மொத்தமாக ஒரு கேஸ், அதாவது பல பெட்டிகள் அடங்கிய ஒரு பெரிய பெட்டி, வாங்கிவிட்டார். இரண்டுக்கும் தோட்டாவின் அளவு ஒன்றுதான், அதனால் சேம்பரில் அழகாக உட்கார்ந்தது. சுட்டால் காகிதத்தில் வட்ட ஓட்டைக்குப் பதில் நீள்சதுர ஓட்டை. குண்டு பக்கவாட்டில் புரண்டு போயிருக்கிறது. அவரோ ஸ்கோப்பைக் குறை சொல்லிப் புது ஸ்கோப் வாங்கினார், அப்புறம் அதைத் தாங்கும் மவுண்ட், அப்புறம் துப்பாக்கியின் மரக்கட்டைக்குப் பழுதுபார்ப்பு. இத்தனை செலவுக்குப் பிறகும் ஓட்டைகள் நீளமாகவே விழுந்தன.

காரணம் குழலுக்குள் இருந்தது. குண்டைச் சுழற்றக் குழலுக்குள் சுருளாக வெட்டிய வரிப்பள்ளம் எத்தனை அங்குலத்தில் ஒரு சுற்று சுற்றுகிறதோ, அதுதான் முறுக்கு; எண் குறைந்தால் சுழற்சி அதிகம். 1955-இல் வந்த 244-இல் அது 12 அங்குலத்துக்கு ஒரு சுற்று. சிறு விலங்குகளுக்கான லேசான குண்டை நினைத்துச் செய்தது. நீளமான 100 கிரெய்ன் குண்டை நிலையாகச் சுழற்ற அது பல துப்பாக்கிகளில் போதவில்லை. அதே ஆண்டில் வந்த 243 வின்செஸ்டரின் முறுக்கு 10 அங்குலம், மான் வேட்டைக்காரர்கள் அதன் பக்கம் போய்விட்டார்கள். 1963-இல் ரெமிங்டன் அதே தோட்டாவுக்கு 6 மி.மீ. என்று பெயர் மாற்றி, முறுக்கை 9 அங்குலமாக்கியது. ஆனால் ஏற்கெனவே விற்ற குழல்கள் அப்படியேதான் இருக்கின்றன. அவருடையதில் 90 கிரெய்ன் குண்டின் ஓட்டைகள் நெருக்கமாகக் கூடின. வாங்கிய கேஸ்தான் வீண்.

குண்டு நிலையாகப் பறப்பதை முக்கியமாகத் தீர்மானிப்பது அதன் நீளம். ஈயத்தின் அடர்த்தி கன செ.மீ.க்கு 11.3 கிராம், செம்பின் அடர்த்தி 8.96 கிராம். அதனால் ஒரே எடையில் முழுச் செம்புக் குண்டு ஈயக் குண்டைவிட நீளமாக இருக்கும். கலிபோர்னியாவில் 2019 ஜூலை முதல் வேட்டைக்கு ஈயக் குண்டே கூடாது. இப்படிச் செம்புக்கு மாறுகிறவர்கள், பழைய குழல் என்றால், வழக்கமான எடையிலிருந்து ஒரு படி இறங்கிச் சோதிப்பது நல்லது. 14 அங்குல முறுக்கு உள்ள பழைய 250-3000 சேவேஜில் இது இன்னும் முக்கியம். 1915-இல் அது வந்தது 87 கிரெய்ன் குண்டோடு.

அளப்பது எளிது. தோட்டா இல்லை என்று உறுதி செய்துகொண்டு, பிடி தாராளமாகச் சுழலும் துப்புரவுக் கம்பியில் இறுக்கமான துணி மாட்டிக் குழலுக்குள் தள்ளுங்கள். கம்பியில் ஓர் அடையாளம் போட்டு, அது ஒரு முழுச் சுற்று சுற்ற எத்தனை அங்குலம் போகிறது என்று பாருங்கள். காசு செலவில்லாத இந்த வேலையை ஏன் யாரும் கடைக்குப் போகும் முன் செய்வதில்லை?

ஆடிக்கொண்டு போகும் குண்டு மானின் உடம்பில் எங்கே போய் நிற்கும் என்று சொல்ல முடியாது. காயத்தோடு ஓடும் மானை நினைத்துத்தான் இவ்வளவு சொல்கிறேன்.

குழாய் மேகசினில் கூர்முனைக் குண்டு

பெரும்பாலான 30-30 லீவர் துப்பாக்கிகளில் குழலுக்கு அடியில் உள்ள குழாய் மேகசினில் தோட்டாக்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் படுத்திருக்கும். பின்னால் இருப்பதன் முனை முன்னால் இருப்பதன் பிரைமரில் (தோட்டாவின் அடியில், தட்டினால் தீப்பிடிக்கும் சிறு பகுதி) உட்கார்ந்திருக்கும். பின்னுதைப்பில் கூர்முனை பிரைமரைக் குத்தினால் மேகசினுக்குள்ளேயே வெடிக்கலாம். தட்டை முனையோ, இதற்கென்றே செய்த மென்மையான பாலிமர் முனையோதான் போட வேண்டும்.

முழு உலோக உறை போட்ட ராணுவ மிச்சம்

மானுக்கு வேண்டாம். உடம்பில் பட்டாலும் குண்டு விரியாது.

அதிவேகம் என்று அச்சிட்ட பெட்டி

துப்பாக்கியைப் பார்த்த கன்ஸ்மித் சரி என்றால் மட்டும்.

சோதிக்காமல் மொத்தமாக வாங்குவது

இரண்டு மூன்று வகையில் ஒவ்வொரு பெட்டி போதும். சுடும் முன் குழலில் ஒட்டிய பழைய செம்பைச் சுத்தம் செய்யுங்கள், சுடும்போது இடையிடையே குழலை ஆறவிடுங்கள். காட்டில் சுடுவது பெரும்பாலும் ஆறிய குழலிலிருந்துதான், ஆகவே முதல் குண்டு எங்கே விழுகிறது என்பதைத் தனியாகக் குறித்துவையுங்கள். ஓட்டைகள் நெருக்கமாகக் கூடிய பெட்டியின் லாட் எண்ணையும் (எந்தத் தயாரிப்புத் தொகுதி என்று காட்டும் எண்) எழுதிக்கொண்டு, மீதியை அதே லாட்டில் கேட்டு வாங்குங்கள். லாட் மாறினால் மறுபடி சுட்டுப் பார்த்த பிறகே வேட்டைக்கு.