நாட்டுக்கோழிதானே என்று விட்டுவிடுவதில் தொடங்கும் தவறுகள்

காங்கேயத்துக்குப் பக்கத்தில் அம்மாவைப் பெற்ற என் அம்மிச்சி தோட்டத்துச் சாளை வீட்டில் பத்துக் கோழிகள் வைத்திருந்தார். பகலெல்லாம் அவை கட்டுத்தறியிலும் களத்திலும் குப்பைமேட்டிலும் கிளறித் திரியும். பொழுது சாய்ந்ததும் பெரியவை வேப்பமரத்தில் ஏறிக்கொள்ளும். தாயும் குஞ்சும் பஞ்சாரத்துக்குள் அடங்கும். அம்மிச்சி தடுப்பூசி போட்டதில்லை, கொட்டகை கட்டியதில்லை. "நாட்டுக்கோழிக்கு ஒன்றும் ஆகாது" என்பார்.

அது ஐந்து ஏக்கருக்குப் பத்துக் கோழி என்ற கணக்கு. இன்று நாம் வீட்டுக்குப் பின்னால் மூன்று சென்ட் இடத்தில் தகரம் போட்டு முப்பது கோழிகளை அடைத்துவிட்டு, அதே வார்த்தையைச் சொல்லிக்கொண்டிருக்கிறோம். நான் பார்த்த தவறுகளில் பாதி, நானே செய்தவையும் சேர்த்து, இந்த ஒரு நினைப்பிலிருந்து கிளைத்தவைதான்.

முதலில் கொட்டகை. பூனைக்கும் கீரிக்கும் பயந்து நாலு பக்கமும் தகரத்தால் மூடிவிடுகிறோம். என் முதல் கொட்டகையும் அப்படித்தான் இருந்தது. விடியற்காலையில் கதவைத் திறந்து, கோழி நிற்கும் உயரத்துக்குத் தலையைக் குனிந்து மூச்சை இழுத்துப் பாருங்கள். கண் எரிந்தால் அது எச்சத்திலிருந்து கிளம்பும் அமோனியா. இரவு முழுக்க அதைச் சுவாசிக்கும் கோழிக்குச் சளி பிடிப்பதில் ஆச்சரியம் இல்லை. நாமோ சளிக்கு மருந்து வாங்க ஓடுகிறோம். பல்லடத்துக் கறிக்கோழிப் பண்ணைகளைப் பஸ்ஸில் போகும்போதே கவனிக்கலாம். நீளப் பக்கம் இரண்டும் கம்பி வலை, குட்டைப் பக்கம் இரண்டும் சுவர், கூரை கிழக்கு மேற்காக நீண்டிருக்கும். வெயில் உள்ளே இறங்காது, காற்று நிற்காமல் ஓடும். சின்னக் கொட்டகைக்கும் அதே முறை போதும்.

கொங்கு நாட்டில் இந்த அமைப்புக்கு இன்னொரு காரணமும் உண்டு. ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று மேற்கிலிருந்துதான் அறைகிறது. மேற்கே குட்டைப் பக்கச் சுவர் இருந்தால் காற்று அதில் மோதி நின்றுவிடும். வாசலை மேற்கே வைத்தவர் ஆடி முழுக்கத் தகரத்தைக் கட்டிக்கொண்டிருக்க வேண்டியதுதான். ஐப்பசி மழை வடகிழக்கிலிருந்து சாய்ந்து அடிக்கும். அந்தப் பக்க வலைக்குச் சாக்கில் ஒரு படுதா தைத்து வையுங்கள். மூடும்போதும் மேலே ஓரடி திறந்தே இருக்கட்டும். சித்திரையில் ஈரோடும் கரூரும் நாற்பது டிகிரியைத் தாண்டும். கோழிக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது, வாயைப் பிளந்து இரைத்துத்தான் சூட்டைத் தணித்துக்கொள்கிறது. தகரத்தின்மேல் தென்னங்கீற்றைப் பரப்பி, தண்ணீர்ப் பாத்திரத்தை நிழலில் வைத்து, மதியம் ஒருமுறை தண்ணீரை மாற்றினாலே பல உயிர்கள் தப்பும்.

இடத்தைப் பொறுத்தவரை, பகலில் வெளியே மேய்ந்து இரவு மட்டும் அடையும் பெரிய கோழி ஒன்றுக்கு ஒன்றரை முதல் இரண்டு சதுர அடி வேண்டும். நாள் முழுக்க அடைத்தே வைப்பதென்றால் இது போதாது.

வலையில் பலரும் ஏமாந்துபோகிறோம். கடையில் மலிவாகக் கிடைக்கும் அறுகோணக் கண் வலை கோழி வெளியே போகாமல் தடுக்கும், அவ்வளவுதான். தெருநாய் பல்லால் இழுத்தால் கிழிந்துவிடும். பாம்பு அந்தக் கண்ணுக்குள் நுழைந்து முட்டையை விழுங்கிவிட்டுப் போகும். பற்றவைத்த அரை அங்குலக் கண் வலைதான் தாங்கும். அதையும் தரையோடு நிறுத்திவிடக் கூடாது. கீரி வலையைக் கடிக்காது, அடியில் தோண்டும். ஒரே இரவில் ஏழு விடைக்கோழிகளைப் பறிகொடுத்த பிறகுதான், வலையை மண்ணுக்குள் ஓரடி இறக்கி வெளிப்பக்கமாக மடித்துப் புதைத்தேன்.

இனி, யாரும் அதிகம் பேசாத உண்ணி. முட்டை குறைகிறது, கொண்டை வெளுக்கிறது, கோழி உறங்கி உறங்கி விழுகிறது. பகலில் இறகை விலக்கிப் பார்த்தால் ஒன்றுமே தெரியாது. குடற்புழு என்று நினைத்து நானும் மருந்து கொடுத்தேன். ஒருநாள் இரவு ஒன்பது மணிக்கு டார்ச்சோடு போய், கோழிகள் அடையும் மூங்கிலைத் தூக்கிப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. மூங்கில் பிளந்த வெடிப்புக்குள் துவரம்பருப்பு அளவில் தட்டையான உண்ணிகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைத்ததுபோல் இருந்தன. சில வெளியே வந்து கோழியின் காலை நோக்கி ஏறிக்கொண்டிருந்தன. விரலால் நசுக்கினால் கருஞ்சிவப்பாக ரத்தம். இவை பகலெல்லாம் சுவர் விரிசலிலும் மர இடுக்கிலும் ஒளிந்திருந்து, இரவில் மட்டும் வந்து குடிக்கும். தீவனம் இல்லாமல் பல மாதம் உயிரோடு கிடக்கும். ஆகவே கோழிக்கு மட்டும் மருந்து அடிப்பதில் பயனில்லை. ஒளியும் இடத்தை அழிக்க வேண்டும். மண்சுவரானால் விரிசலை அடைத்துச் சுண்ணாம்பு அடியுங்கள். அடையும் கட்டைக்கு வெடிப்பில்லாத, ஓரம் உருட்டிய சட்டம் போதும். அதைக் கழற்றி மாட்டும்படி வைத்தால் மாதம் ஒருமுறை வெயிலில் போட்டு எடுக்கலாம். மருந்து தெளிப்பதானால் கால்நடை மருத்துவரைக் கேட்டுத் தெளியுங்கள். பருத்திக்கு வாங்கிய மிச்ச மருந்தைக் கொட்டகையில் அடிக்கும் வழக்கம் கோழியையே கொன்றுவிடும். செள்ளுக்கு அடுப்புச் சாம்பலும் மணலும் கலந்த ஒரு குழி இருந்தால் கோழியே புரண்டு பார்த்துக்கொள்ளும்.

தரையில் நெல் உமியோ தென்னைநார்க் கழிவோ மூன்று அங்குலம் பரப்பலாம். பொள்ளாச்சிப் பக்கம் நார்க்கழிவு எளிதாகக் கிடைக்கும், ஆனால் ஈரத்தோடு வருவதை அப்படியே கொட்டக் கூடாது. நனைந்த தரையில்தான் இளங்குஞ்சுகளுக்கு ரத்தக் கழிச்சல் வருகிறது. பூசணம் பிடித்த கடலைத்தோலையும் மக்காச்சோளத்தையும் கோழிக்குத்தானே என்று தள்ளிவிடுவது அதைவிடப் பெரிய தவறு. அந்தப் பூசணத்தின் நஞ்சு ஈரலைத் தின்றுவிடும். முட்டைக்கோழித் தீவனத்தைக் குஞ்சுக்கும் போடுவார்கள். அதில் முட்டை ஓட்டுக்காகச் சேர்க்கும் சுண்ணாம்புச்சத்து குஞ்சின் சிறுநீரகத்துக்கு ஆகாது. குஞ்சுத் தீவனம் தனி. இடும் கோழிக்குக் கிளிஞ்சல் தனி.

தாயில்லாக் குஞ்சுகளுக்கு முதல் வாரம் சுமார் 35 டிகிரி சூடு வேண்டும். பிறகு வாரத்துக்கு மூன்று டிகிரி வீதம் குறைக்கலாம். வெப்பமானி இல்லாவிட்டாலும் குஞ்சே சொல்லும். பல்புக்கு அடியில் குவிந்தால் குளிர், ஓரத்துக்கு ஓடினால் சூடு. மார்கழி இரவில் மின்சாரம் போனால் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நசுங்கிச் செத்துவிடும் என்பதால் மாற்று ஏற்பாடு கட்டாயம்.

இதெல்லாம் சரியாக இருந்தும் ஒரே வாரத்தில் கொட்டகையைக் காலியாக்குவது வெள்ளைக் கழிச்சல். உத்தராகண்டின் ராணிக்கேத் என்ற மலையூரின் பெயரால் 1920-களிலிருந்து அறியப்படும் நோய் இது. பச்சையும் வெள்ளையுமாகக் கழியும், கழுத்து முறுக்கிக்கொள்ளும், மூச்சு இழுக்கும். இது வைரஸ் என்பதால் வந்த பிறகு மருந்து கிடையாது. சின்ன வெங்காயம், மஞ்சள், கீழாநெல்லி அரைத்துக் கொடுப்பதை நான் குறை சொல்லவில்லை, நானும் கொடுக்கிறேன். ஆனால் அதை நம்பித் தடுப்பூசியை விடுவதுதான் தவறு. குஞ்சு பொரித்த ஏழு நாளுக்குள் கண்ணிலோ மூக்கிலோ தடுப்பு மருந்து ஒரு சொட்டு, நான்காவது வாரம் லசோட்டா என்ற தடுப்பு மருந்து, எட்டாவது வாரம் இறக்கையடியில் ஊசி. குப்பி நூறு கோழிக்கான அளவில் வருவதால் இருபது கோழி வைத்திருப்பவர் தயங்குகிறார். அக்கம்பக்கத்தில் நாலு வீடு சேர்ந்து ஒரே காலையில் போட்டுவிடுங்கள். கலக்கிய மருந்து இரண்டு மணி நேரத்துக்குமேல் நிற்காது. வாங்கிவரும்போது பனிக்கட்டி வேண்டும். குடிநீரில் கலப்பதானால் குளோரின் போட்ட குழாய்த் தண்ணீர் ஆகாது. பிப்ரவரியில் கால்நடைத் துறை நடத்தும் இருவார முகாமில் இலவசமாகவே போடுகிறார்கள். நோய் வந்துவிட்ட கூட்டத்துக்கு ஊசி போட்டுவிட்டு, ஊசியால்தான் செத்தது என்பவர்களுக்கு என்ன சொல்வது!

வாரச் சந்தையில் வாங்கிய சேவலை அன்றைக்கே பழைய கோழிகளோடு விடாதீர்கள். மூன்று வாரம் தனியே, தனிப் பாத்திரத்தில் வையுங்கள். தீவனம் போடுவது முதலில் பழையதற்கு, பிறகு புதியதற்கு.

செத்த கோழியை வாய்க்காலில் வீசுவது நம் பக்கம் இன்னும் நிற்கவில்லை. பரம்பிக்குளம்-ஆழியாறு (பி.ஏ.பி.) வாய்க்காலானாலும் கீழ்பவானியானாலும் அந்தத் தண்ணீர் அடுத்த மடைக்காரர் தோட்டத்துக்குத்தான் போகிறது. அங்கேயும் கோழி குடிக்கும். நாய் தோண்டாத ஆழத்தில் சுண்ணாம்பு போட்டுப் புதையுங்கள். பிறகு கொட்டகைத் தரையைச் சுரண்டி எடுத்து, சுவருக்கு வெள்ளையடித்து, ஒரு மாதமாவது வெயிலுக்குத் திறந்து போடுங்கள். அதற்குள் யாராவது குஞ்சு கொடுத்தால் வாங்காதீர்கள்.