கரும்புக்கு யூரியா: எவ்வளவு, எப்போது?

கரும்புத் தோகை கொஞ்சம் வெளுத்துத் தெரிந்தால் போதும், "இன்னொரு மூட்டை யூரியா வீசி விடு" என்று பக்கத்து வயல்காரர் சொல்வார். போட்டதும் பத்து நாளில் வயல் கரும்பச்சையாக மாறும், மனசும் நிறையும். ஆனால் ஆலை தேடுவது சாற்றிலிருக்கும் சர்க்கரையை, தோகையின் பச்சையை அல்ல.

வேளாண் பல்கலைக்கழகம் நடவுக் கரும்புக்கு நெடுநாளாகச் சொல்லி வந்த பொது அளவு ஹெக்டேருக்குத் தழைச்சத்து (யூரியா தருவது) 275, மணிச்சத்து (சூப்பர் பாஸ்பேட் தருவது) 62.5, சாம்பல்சத்து (பொட்டாஷ் தருவது) 112.5 கிலோ. ஏக்கருக்குப் பார்த்தால் யூரியா சுமார் 240 கிலோ, அதாவது 45 கிலோ மூட்டையில் ஐந்தேகால்; 50 கிலோ மூட்டையில் சூப்பர் மூன்று, பொட்டாஷ் ஒன்றரை. மண் பரிசோதனை அட்டை கையில் இருந்தால் இதை விட்டுவிட்டு அட்டையில் உள்ளபடியே போடுங்கள்.

சூப்பர் முழுவதையும் கரணை (விதைக் கரும்புத் துண்டு) நடுமுன் சாலில் போட்டுக் கிளறிவிட வேண்டும், ஏனென்றால் மணிச்சத்து மண்ணில் நகராது, பிறகு மேலே தூவினால் வேருக்கு எட்டாது. யூரியாவையும் பொட்டாஷையும் மூன்றாகப் பிரித்து 30, 60, 90ஆம் நாட்களில் வையுங்கள், ஒவ்வொரு முறையும் யூரியா 80 கிலோ, பொட்டாஷ் 25 கிலோ. தூரை ஒட்டி வைத்து மண்ணால் மூடித் தண்ணீர் கட்டுங்கள். யூரியாவை மேலாக வீசினால் பாதிக் காசு காற்றோடு போகிற மாதிரிதான்.

குறைத்துப் போட்டால் என்ன ஆகும்? அடித்தோகை முதலில் மஞ்சளாகும், தூர் (அடியிலிருந்து கிளைக்கும் கன்று) குறையும், கரும்பு மெலிந்து இடைக்கணு குட்டையாக நிற்கும். கூட்டிப் போட்டால், அதிலும் நான்காம் மாதத்துக்குப் பிறகு போட்டால், நீர்ப்போத்து எனப்படும் பிந்தி முளைக்கும் கன்றுகள் பெருகும், கரும்பு சாயும், இடைக்கணுப் புழு ஏறும், முதிர்ச்சி தள்ளிப்போகும். வெல்லம் காய்ச்சுகிறவர்களுக்கு இது இன்னும் மோசம், பாகு சரியாக உறையாது, நிறமும் கறுக்கும். அதனால்தான் வெல்லக் கரும்புக்குத் தழைச்சத்து ஹெக்டேருக்கு 175 கிலோதான், ஏக்கருக்கு யூரியா 150 கிலோ சொச்சம்.

மறுதாம்புக்கு (வெட்டிய கட்டையிலிருந்து மீண்டும் தழைக்கும் கரும்பு) மட்டும் தழைச்சத்தைக் கால் பங்கு கூட்டிக்கொள்ளலாம். வெட்டிய ஒரு வாரத்துக்குள் அந்தக் கூடுதலைப் போட்டுவிடுங்கள், ஏனென்றால் வயலில் கிடக்கும் சோகை (காய்ந்த தோகை) மட்கும்போது மண்ணிலுள்ள தழைச்சத்தை அதுவே கொஞ்ச நாள் பிடித்து வைத்துக்கொள்ளும்.

என் பேச்சை அப்படியே நம்ப வேண்டாம், உங்கள் வயலிலேயே பார்த்துவிடுங்கள். ஒரே மாதிரி மண்ணுள்ள இடத்தில் ஐந்தைந்து பாராக (கரும்பு வரிசை) மூன்று பட்டை ஒதுக்கி, ஒன்றில் யூரியாவை முக்கால் அளவு, ஒன்றில் முழு அளவு, ஒன்றில் ஒன்றேகால் அளவு வையுங்கள். தண்ணீர், களையெடுப்பு, மண் அணைப்பு எல்லாம் ஒன்றாகவே இருக்கட்டும். 120ஆம் நாள் பத்தடி நீளத்துக்குத் தூர் எண்ணுங்கள், அப்புறம் வெட்டும்போது நடுப்பாரை மட்டும் தனியாக எடை போடுங்கள், ஓரப்பாரில் பக்கத்துப் பட்டையின் உரம் கலந்திருக்கும். கரும்பு அலுவலரிடம் சாற்றின் இனிப்பை அளக்கும் பிரிக்ஸ் மீட்டர் கேட்டு, மூன்று பட்டையிலும் சாற்றைச் சோதித்து, எடைக்குப் பக்கத்திலேயே எழுதி வையுங்கள், அடுத்த நடவுக்கு எத்தனை மூட்டை வாங்குவது என்பதை அந்தத் தாளைப் பார்த்து முடிவு செய்யலாம்.