பிக்சல் போர்டு தானாகத் தெறிக்கிறதா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

டிசம்பர் பாதி ஆனால் எனக்கு வரும் போன்களில் பெரும்பாலும் ஒரே புலம்பல்தான். "அண்ணாச்சி, ஸ்டார் தானா தெறிக்குது, புரோகிராம்ல இல்லாத கலரெல்லாம் வருது, கன்ட்ரோலர் போயிட்டா?" பெரும்பாலும், பிக்சலுக்கு டேட்டா அனுப்பும் அந்த கன்ட்ரோலர் போயிருக்காது. தூத்துக்குடி, குமரி பக்கம் கோயில் கொடை, குலசை தசரா, கிறிஸ்துமஸ் என்று பிக்சல் போர்டு (ஒவ்வொரு விளக்கும் தனித்தனியாகக் கலர் மாறும் எல்இடி அலங்கார போர்டு) கட்டும் பையன்கள் இப்போது ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். எல்இடி எடிட் சாஃப்ட்வேரில் டிசைன் போடுவதில் எங்களையெல்லாம் தூக்கிச் சாப்பிட்டுவிடுவார்கள். ஒயரிங்கில்தான் நாங்கள் அந்தக் காலத்தில் அடித்த அதே கூத்தை வரிசை மாறாமல் அடிக்கிறார்கள். பிளஸ், மைனஸ் மாற்றிக் கொடுப்பது, அம்புக்குறி பார்க்காமல் பிக்சலைத் தலைகீழாகச் சேர்ப்பது போன்றவை ஒரு தடவை பட்டால் தானே சரியாகிவிடும். அதை விட்டுவிடுகிறேன்.

ஒரு விஷயம் மட்டும் முதலில். நாம் மாட்டும் 12 மி.மீ. பிக்சலில் உள்ள டபிள்யூஎஸ்2811 சிப்புக்கு டேட்டா போவது ஒரே ஒயரில். வினாடிக்கு 8 லட்சம் பிட், அதாவது ஒரு பிட்டுக்கு 1.25 மைக்ரோ வினாடி. முதல் பிக்சல் தனக்குரிய 24 பிட்டை எடுத்துக்கொண்டு மிச்சத்தை அடுத்ததற்குத் தள்ளிவிடும். வந்த டேட்டா சரியா, தப்பா என்று பார்க்கும் ஏற்பாடு எதுவும் அதில் கிடையாது. வழியில் மின் இரைச்சலால் (நாய்ஸ்) ஒரு குத்து விழுந்து ஒரு பிட் கூடிப்போனால், அதற்குப் பின்னால் இருக்கும் அத்தனை பிக்சலும் ஒரு பிட் தள்ளிப் படித்துத் தப்புக் கலர் அடிக்கும். அடுத்த ஃபிரேம், அதாவது அடுத்த படத்துக்கான டேட்டா, வந்ததும் ஒழுங்காகிவிடும். நாம் ஃப்ளிக்கர் என்று சொல்வது பாதி நேரம் இதைத்தான்.

எல்லாவற்றுக்கும் "நாய்ஸ்" என்று பேர் வைப்பது

வெள்ளை அடிக்கும்போது போர்டின் கடைசிப் பக்கம் மஞ்சளாகி, பிறகு சிவந்து போகிறதா? அது நாய்ஸ் இல்லை, வோல்டேஜ் குறைகிறது. சிவப்பு எல்இடி 2 வோல்ட் சொச்சத்திலேயே எரியும். பச்சைக்கும் நீலத்துக்கும் 3 வோல்ட் பக்கம் வேண்டும். வோல்டேஜ் விழுந்தால் அவைதான் முதலில் மங்கும். 50 பிக்சலுக்கு ஒரு இடத்தில் கரண்ட் கொடுத்துப் பாருங்கள், சரியாகிவிடும்.

பிரித்துப் பார்க்க எளிய வழி உண்டு. பிரைட்னஸை 20 சதவீதத்துக்கு இறக்குங்கள். தெறிப்பு நின்றால் கரண்ட் கோளாறு. அப்போதும் நிற்கவில்லை என்றால் முழுக் கறுப்பு சீன் ஒன்றை ஓட விடுங்கள். எதுவுமே எரியக் கூடாத நேரத்தில் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பொறி பறந்தால், கோளாறு டேட்டாவில். முதல் பிக்சல் ஒழுங்காக எரிந்து, நடுவில் ஒரு பிக்சலிலிருந்து மட்டும் கெடுகிறது என்றால், அந்தப் பிக்சலையும் அதற்கு முந்தியதையும் அவற்றின் ஈயப் பத்த வைப்பையும் பாருங்கள்.

எர்த்தைக் கழற்றி விடுவது

இதைப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும்.

ஒரு கடலோர ஊர், கிறிஸ்துமஸ் நேரம். சர்ச் வாசலில் இரும்புச் சட்டத்தில் பெரிய ஆர்ச், உச்சியில் ஸ்டார், பக்கத்தில் வைக்கோல் போட்ட குடில். 5 வோல்ட் 60 ஆம்பியர் எஸ்எம்பிஎஸ் (230 வோல்ட்டை 5 வோல்ட் டிசியாக மாற்றும் பெட்டி) 16 எண்ணம், எல்லாமே ஆர்ச்சுக்குப் பின்னால் இரும்பில் நேராக ஸ்க்ரூ போட்டு மாட்டியது. ஆர்ச் முழுக்கப் பச்சையும் ஊதாவுமாகத் தெறித்துக்கொண்டிருந்தது. வேலை எடுத்த பையன் கன்ட்ரோலரை மாற்றிவிட்டான், முதல் சரத்தைப் பிடுங்கிப் புதுசு போட்டுவிட்டான், டேட்டா ஒயரையும் மறுபடி இழுத்துவிட்டான். எதற்கும் மசியவில்லை. நான் போய் நின்றபோது டீ கொண்டு வந்த சிறுவன் தட்டை ஒரு கையில் பிடித்தபடி ஆர்ச் காலில் சாய்ந்தான். தெறிப்பு கூடியது. "லேசா கடிக்குதுண்ணே" என்று சிரித்துக்கொண்டே கையை எடுத்தான். குறைந்தது. டெஸ்டரைச் சட்டத்தில் வைத்தேன், பளிச்சென்று எரிந்தது. மல்டிமீட்டரில் சட்டத்துக்கும் தரைக்கும் நடுவே 100 வோல்ட்டை ஒட்டிக் காட்டியது.

"எர்த் ஒயரு எங்கடே?"

"எடுத்துட்டோம் அண்ணாச்சி. குடுத்தா ஆர்சிசிபி விழுது. மைக் செட்டும் இரையுதுன்னு சவுண்ட் சர்வீஸ்காரரு சொன்னாரு. எடுத்ததும் ரெண்டும் நின்னுட்டு."

நிற்கும், நிற்காமல் என்ன செய்யும். ஆர்சிசிபி என்பது கரண்ட் எர்த்துக்கு ஒழுகினால் லைனைத் துண்டிக்கும் சுவிட்ச். எஸ்எம்பிஎஸ் உள்ளே கரண்ட் நுழையும் இடத்தில் ஒரு ஃபில்டர் இருக்கிறது. பேஸிலிருந்தும் நியூட்ரலிலிருந்தும் பாடிக்கு ஆளுக்கொரு சின்ன கெப்பாசிட்டர். தன்னுடைய ஸ்விட்சிங் நாய்ஸை எர்த்தில் இறக்கிவிடத்தான் அந்த ஏற்பாடு. எர்த்தை எடுத்துவிட்டால் இந்த இரண்டு கெப்பாசிட்டரும் 230 வோல்ட்டைப் பாதியாகப் பிரித்து, பாடியை 115 வோல்ட் பக்கம் தொங்க விட்டுவிடும். ஒரு எஸ்எம்பிஎஸ் என்றால் கரண்ட் ரொம்பக் கம்மி, லேசாகக் கடிக்கும், அவ்வளவுதான். ஆனால் ஒன்றுக்கு அரை மில்லி ஆம்பியர் என்று வைத்துக்கொண்டாலும், ஒரே இரும்பில் 16 மாட்டினால் 8 மில்லி ஆம்பியர். மார்கழிப் பனியில் நனைந்த தரையில், வெறுங்காலோடு குடில் பார்க்க வரும் பிள்ளைகள் அந்தச் சட்டத்தைத்தான் பிடித்துக்கொண்டு நிற்கும். இது ஒழுக்கு மட்டும். எங்காவது பேஸ் ஒயர் நசுங்கிச் சட்டத்தில் உரசினால், எர்த் இல்லாத இடத்தில் ஆர்சிசிபி உடனே விழாது. யாராவது ஒருத்தர் தொட்டு, அவர் உடம்பு வழியாகக் கரண்ட் தரைக்கு இறங்கும்போதுதான் விழும்.

சரி, ஃப்ளிக்கருக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? எஸ்எம்பிஎஸ்ஸின் பாடியும் டிசி மைனஸும் உள்ளே கெப்பாசிட்டர் வழியாகத் தொடர்பில்தான் இருக்கின்றன. பாடி ஆடினால் டிசி பக்கமும் சேர்ந்து ஆடும். எர்த்துக்குப் போக வேண்டிய நாய்ஸ் வேறு வழி தேடும். அதற்குக் கிடைப்பது நம்முடைய மெல்லிய டேட்டா கிரவுண்டு ஒயர். டேட்டா என்பது அந்த கிரவுண்டுக்கு மேலே 5 வோல்ட், அவ்வளவுதான். கிரவுண்டே நடுங்கினால் சிப் எதை 1 என்று படிக்கும், எதை 0 என்று படிக்கும்? பக்கத்தில் யாரோ ட்யூப் லைட் போட்டாலே ஆர்ச் தெறித்தது இதனால்தான். பல நேரம் தெறிப்போடு நிற்காது, முதல் பிக்சலையோ கன்ட்ரோலர் போர்ட்டையோ வாங்கிக்கொண்டுதான் போகும். அந்தப் பையனுக்கு ஒரு கன்ட்ரோலரும் இரண்டு சரமும் தண்டம், கமிட்டி பிடித்துக்கொண்ட பணம் தனி.

ஆர்சிசிபி விழுந்ததற்கும் காரணம் இருந்தது. 30 மில்லி ஆம்பியர் என்று எழுதியிருந்தாலும், 15-ஐத் தாண்டினாலே அது விழக்கூடும். 16 எஸ்எம்பிஎஸ் ஒழுக்கு, பழைய சீரியல் செட், பனியில் நனைந்த ஜாயின்ட் எல்லாவற்றையும் ஒரே ஆர்சிசிபியில் ஏற்றினால் அது வேறு என்ன செய்யும்? மெயினை ஆஃப் செய்துவிட்டு, எல்லா எஸ்எம்பிஎஸ்ஸின் எர்த் டெர்மினலையும் பச்சை ஒயரில் கோர்த்து, சட்டத்தையும் சேர்த்து, சர்ச்சின் எர்த்தில் கொடுத்தோம். லோடை மூன்று ஆர்சிசிபிக்குப் பிரித்தோம். இரண்டு விழாமல் நின்றது, ஒன்று மட்டும் விழுந்தது. அந்த லைனில் ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டே போனால், குடிலின் ஈர வைக்கோலுக்கு அடியில் வெறும் டேப் சுற்றிய ஒரு ஜாயின்ட். ஆர்சிசிபி நேற்றிலிருந்து அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. இவர்கள் அதன் வாயை அடைத்துவிட்டார்கள்.

அப்புறம் எல்லா எஸ்எம்பிஎஸ்ஸின் டிசி மைனஸையும் தடித்த ஒயரில் ஒன்றாகச் சேர்த்தோம். மைனஸை மட்டும். பிளஸ்ஸைச் சேர்க்கவே கூடாது. ஒரு எஸ்எம்பிஎஸ் முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்தில் பிளஸ் ஒயரை வெட்டிவிட்டு, மைனஸும் டேட்டாவும் மட்டும் தொடர வேண்டும். தெறிப்பு அத்தோடு நின்றது. மைக் செட் இரைச்சலுக்கு வழி, அவர்களுக்கும் நமக்கும் ஒரே மெயின் போர்டிலிருந்து கரண்ட் எடுப்பது. அதிலும் போகாவிட்டால் ஆடியோ லைனில் ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர். ஆம்பிளிஃபயர் பிளக்கில் எர்த் பின்னை ஒடிப்பவர்களைப் பற்றி எழுத ஆரம்பித்தால் வாயில் நல்ல வார்த்தை வராது.

எர்த்துக்காகத் தண்ணிக் குழாயில் ஒயரைச் சுற்றுகிறவர்களுக்கு: குழாய் இப்போதெல்லாம் பிளாஸ்டிக்.

டேட்டா ஒயரைக் கரண்ட் ஒயரோடு சேர்த்துக் கட்டுவது

பார்க்க அழகாக இருக்கும், கேபிள் டை மிச்சம். ஒரு அடியாவது தள்ளிக் கொண்டுபோங்கள். குறுக்கே கடந்தே ஆக வேண்டுமென்றால் கூட்டல் குறி மாதிரி நேர்க் குறுக்காகக் கடக்கட்டும். ஹாரன் ஸ்பீக்கர் லைனும் இதே கணக்குதான். நாம் டேட்டா இழுத்த மூங்கிலிலேயே மைக் செட்காரரும் லைன் கட்டுவார். அவரிடம் முதலிலேயே பேசிவிடுவது நல்லது.

முதல் பிக்சல் வரை நீண்ட ஒயர்

கன்ட்ரோலரை ஆபீஸ் ரூமில் வைத்துவிட்டு, அங்கிருந்து ஸ்டார் வரை மூன்று கம்பி ஒயரை இழுப்பார்கள். டபிள்யூஎஸ்2811 சிக்னல் அவ்வளவு தூரம் போகப் பிறந்தது இல்லை. 10 மீட்டருக்கு மேல் போனால் அதிர்ஷ்டத்தை நம்பி ஓட்டுவதுதான். பிக்சல்களுக்கு நடுவில் பிரச்சினை இல்லை, ஒவ்வொரு சிப்பும் சிக்னலைப் புதிதாக வடித்துத்தான் அனுப்புகிறது. கன்ட்ரோலரை ஸ்டாருக்குப் பக்கத்தில் கொண்டுபோங்கள். முடியாது என்றால், சிக்னலை நீண்ட தூரம் கொண்டுபோகும் ஆர்எஸ்-485 முறையில் அனுப்பும் போர்டு ஒன்று, வாங்கும் போர்டு ஒன்று, நடுவில் கேட்-6 கேபிள். கேட்-6 என்றதும் டேட்டாவை ஒரு ஜோடியிலும் கிரவுண்டை இன்னொரு ஜோடியிலும் போடுகிறவர்கள் உண்டு. வெறும் டேட்டாவாகக் கொண்டுபோனால் டேட்டாவும் கிரவுண்டும் ஒரே முறுக்கில் இருக்க வேண்டும். 485 என்றால் அதன் ஏ, பி இரண்டும் ஒரே முறுக்கில்.

கன்ட்ரோலருக்குப் பதிலாக ஈஎஸ்பி32 என்ற சின்ன மைக்ரோ கன்ட்ரோலர் போர்டில் ஓட்டுகிறவர்களுக்கு இன்னொன்று. அது கொடுப்பது 3.3 வோல்ட், 5 வோல்ட் பிக்சல் எதிர்பார்ப்பது 3.5. மேஜையில் ஓடும், சர்ச் உச்சியில் ஓடாது. நடுவில், சிக்னலை 5 வோல்ட்டுக்கு ஏற்றிக் கொடுக்கும் 74ஏஹெச்சிடி125 ஐசி ஒன்று போடுங்கள்.

ஃபெரைட் மணி

நாய்ஸை அடக்க ஒயரில் மாட்டும் இந்த வளையத்தை, மேலே சொன்னதையெல்லாம் சரி பார்த்த பிறகு கடைசியாகப் போடுங்கள்.

மெமரி கார்டை ஃபார்மேட் அடிப்பது

கன்ட்ரோலரில் புரோகிராம் இருக்கும் கார்டு கெட்டால் சீன் நிற்கும், பொறி பறக்காது.

ஜெனரேட்டர் மாறும் நேரம்

கரண்ட் போனதும் பிக்சல் லோடு அப்படியே இருக்க ஜெனரேட்டருக்கு மாற்றுவார்கள். முதலில் பிக்சல் லைனை ஆஃப் செய்யுங்கள், ஜெனரேட்டர் நிலைக்கு வரட்டும், பிறகு ஒவ்வொரு லைனாக ஏற்றுங்கள். கன்ட்ரோலருக்கு மட்டும் தனி யூபிஎஸ் கொடுத்தால் புரோகிராம் நடுவில் அறுந்துபோகாது. கன்ட்ரோலரின் டிசி மைனஸ் மற்ற மைனஸோடு சேர்ந்திருக்க வேண்டும், மறக்க வேண்டாம்.

வாடகைக்கு வரும் சின்ன ஜெனரேட்டர் பலவற்றில் நியூட்ரல் எர்த்தோடு சேர்ந்திருக்காது. அப்படி இருந்தால் ஒழுகும் கரண்ட் திரும்பிப்போக வழி கிடையாது, ஆர்சிசிபியும் வேலை செய்யாது. வண்டி வந்து இறங்கியதும் வயர்மேனை வைத்து அதைப் பார்த்து, பாடிக்கும் எர்த் கொடுக்கச் சொல்லுங்கள். டெஸ்ட் பட்டனை அமுக்கினால் ஆர்சிசிபி விழுகிறதே என்பான் ஒருவன். அந்தப் பட்டன் ஆர்சிசிபியை மட்டும்தான் சோதிக்கும், எர்த் இருக்கிறதா இல்லையா என்று அதற்குத் தெரியாது.