முழுநேரம் வாழ ஃபிப்த் வீல் டிரெய்லர் வாங்குகிறீர்களா? சமையலறையைக் கடைசியில் பாருங்கள்

நானும் மனைவியும் வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு, பிக்கப் ட்ரக்கின் முதுகில் முன்பக்கம் ஏறி உட்காரும் இழுவை வீடான ஃபிப்த் வீல் டிரெய்லரில் குடியேறி நாலு வருஷம் ஆகிறது. அமெரிக்காவுக்குள் வெயில் எங்கே இதமாக இருக்கிறதோ அங்கே போவோம், ரெண்டு மூணு வாரம் தங்குவோம், கிளம்புவோம். இப்போது இருப்பது இரண்டாவது டிரெய்லர். முதல் டிரெய்லரைப் பதினாலே மாதத்தில் விற்றுவிட்டோம். அதை வாங்கும்போது ஒரு மணி நேரம் உள்ளே நின்று அலமாரிகளைத் திறந்து மூடி, ஜன்னல் ஓர சோபாவில் உட்கார்ந்து பார்த்து, அங்கேயே முன்பணம் கட்டினோம். அடியில் குனிந்து பார்க்கவில்லை, கூரையில் ஏறவில்லை. நியூ மெக்ஸிகோவில் ஐ-40 நெடுஞ்சாலையில் டயர் வெடித்து, அதன் ரப்பர் பட்டை தரைத்தகட்டைக் கிழித்துக்கொண்டு போன பிறகுதான் முதல் முறையாக எடை போட்டுப் பார்த்தேன்.

ட்ரக்கோடு டிரெய்லரை இணைக்கிற கிங்பின் (டிரெய்லர் பக்க முளை), ஹிட்ச் (அதைப் பிடிக்கும் ட்ரக் பக்க இணைப்பு) இரண்டையும் எப்படி மாட்டுவது என்பதற்கெல்லாம் இங்கே போகவில்லை. பல வருஷம் உள்ளேயே வாழ்ந்து ஊர் ஊராக இழுத்துப் போனாலும் தாங்குகிற ஒன்றை எப்படிப் பொறுக்குவது என்பது மட்டும்தான் இது. நான் சொல்கிற வரிசையிலேயே பாருங்கள், ஏனென்றால் உள்ளே பிடித்துப்போன பிறகு அடியில் இருக்கிற குறை யார் கண்ணுக்கும் தெரியாது.

படி 1: ட்ரக்கின் கதவைத் திறந்து ஸ்டிக்கரைப் படியுங்கள்

நான் சறுக்கியது இங்கேதான், அதனால் இதை நிதானமாகச் சொல்கிறேன்.

விற்பவர் "உங்கள் ட்ரக் இத்தனை ஆயிரம் பவுண்டு இழுக்கும்" என்று ஒரு பெரிய எண்ணைச் சொல்வார். அந்த எண் பொய்யில்லை. ஆனால் ஃபிப்த் வீலில் உங்கள் கையைக் கட்டிப்போடுவது இழுக்கும் திறன் இல்லை, சுமக்கும் திறன். டிரெய்லரின் முன்பக்கம் ட்ரக்கின் முதுகில் ஏறி உட்கார்ந்திருக்கிறது. மொத்த எடையில் சுமார் 20 முதல் 25 சதவீதம் அங்கே இறங்கும். இதற்குத்தான் பின் வெயிட் என்று பேர் (இந்தப் பின் கிங்பின், பின்பக்கம் இல்லை). ட்ரக் எவ்வளவு சுமக்கலாம் என்பது ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கிற ஸ்டிக்கரில் இருக்கும்: ஆட்களும் சரக்கும் சேர்ந்து இவ்வளவு பவுண்டைத் தாண்டக்கூடாது என்று. அது உங்கள் ட்ரக்குக்கே உரிய எண். அதே மாடல் ட்ரக் பக்கத்து வீட்டில் இருந்தாலும் அதன் எண் வேறாக இருக்கலாம்.

என் ட்ரக்கின் ஸ்டிக்கர் 2,340 பவுண்டு என்றது. டிரெய்லர் கையேட்டில் பின் வெயிட் 2,350 என்று போட்டிருந்தது. பத்து பவுண்டுதானே என்று நினைத்தேன். அந்த 2,350 காலி டிரெய்லரின் பின் வெயிட் என்பது எனக்குத் தெரியாது. துணி, பாத்திரம், கருவிகள், பேட்டரி, தண்ணீர் எதுவும் ஏறாமல் தொழிற்சாலையிலிருந்து வெளியே வந்த நிலையில் எடுத்த எண் அது. முன்பக்கத்துப் பெரிய சாமான் அறையை நிரப்ப நிரப்ப பின் வெயிட்தான் ஏறுகிறது.

எடை போட்டபோது பின் வெயிட் 3,180. ஹிட்ச் 200, நாங்கள் இருவரும் 320, கருவிப்பெட்டி 150. மொத்தம் 3,850. அதாவது 1,510 பவுண்டு அதிகம். பதினாலு மாதமாக அப்படியே மலையிறக்கங்களில் இறங்கியிருக்கிறோம் என்று நினைக்கும்போது இப்போதும் உள்ளங்கை வியர்க்கிறது.

எனவே கணக்கை இப்படிப் போடுங்கள். டிரெய்லரின் காலி எடையை விட்டுவிடுங்கள். ஜி.வி.டபிள்யூ.ஆர். என்கிற அதிகபட்ச அனுமதி எடையை எடுத்து அதில் 22 முதல் 25 சதவீதம் போடுங்கள். அதோடு ஹிட்ச், ஆட்கள், ட்ரக்கில் ஏற்றும் சாமான் எல்லாம் கூட்டுங்கள். ஸ்டிக்கர் எண்ணுக்குள் வந்தால் மேலே போகலாம். 14,000 பவுண்டு அளவிலான டிரெய்லருக்கே முக்கால் டன் ட்ரக் பெரும்பாலும் போதாது, ஒரு டன் ட்ரக் வேண்டும் (இவை ட்ரக் வகைகளின் பெயர்கள், சுமக்கும் எடை இல்லை). அதைவிடக் கனமானதற்குப் பின்னால் நாலு டயர் உள்ள ட்ரக்தான். ட்ரக்கை மாற்றப் பணமில்லை என்றால் டிரெய்லரைச் சின்னதாக்குங்கள்.

எடை போடுவதற்கு நெடுஞ்சாலை ட்ரக் நிறுத்தங்களில் இருக்கும் கேட் (CAT) ஸ்கேல் எடைமேடைதான் என் விருப்பம், அவர்களுடைய போன் செயலியிலேயே பணம் கட்டி முடித்துவிடலாம். டிரெய்லரோடு ஒரு முறை, கழற்றிவிட்டு ட்ரக்கை மட்டும் ஒரு முறை. ட்ரக்கின் இரண்டு ஆக்ஸில்களிலும் (சக்கர அச்சுகளிலும்) கூடியிருக்கிற வித்தியாசம்தான் உங்கள் உண்மையான பின் வெயிட்.

பின்னர் சேர்த்தது: ட்ரக் கதவில் அந்த மஞ்சள் ஸ்டிக்கரே இல்லை என்று சிலர் எழுதினார்கள். ட்ரக்கின் சொந்த ஜி.வி.டபிள்யூ.ஆர். 10,000 பவுண்டுக்கு மேல் போனால் அது இல்லாமல் இருக்கலாம். அப்போது டேங்கை நிரப்பி, ட்ரக்கைத் தனியாக எடை போட்டு, அதன் ஜி.வி.டபிள்யூ.ஆரிலிருந்து கழியுங்கள்.

படி 2: டிரெய்லர் எவ்வளவு சாமான் தாங்கும்

டிரெய்லரின் கதவுப் பக்கம் இன்னொரு ஸ்டிக்கர் இருக்கும், சரக்குத் திறன் எவ்வளவு என்று. வார இறுதிக்குப் போகிறவர்களுக்கு 1,500 பவுண்டு தாராளம். வீட்டையே ஏற்றுகிறவர்களுக்கு இல்லை. ஒரு காலன் தண்ணீர் 8.3 பவுண்டு, 60 காலன் டேங்க் நிரம்பினாலே ஏறக்குறைய 500 போயிற்று. துவைக்கும் இயந்திரம், சோலார், ஜெனரேட்டர், புத்தகங்கள் என்று சேரும்போது எப்படி ஏறுகிறது என்றே தெரியாது. இரண்டு பேருக்கு 3,000 பவுண்டுக்குக் குறைந்து எதையும் நான் பார்க்கமாட்டேன்.

படி 3: அட்டையை விரித்து அடியில் படுங்கள்

நல்ல டார்ச் ஒன்று, பழைய அட்டைப்பெட்டி ஒன்று, அழுக்கானால் பரவாயில்லை என்கிற சட்டை. விற்பவர் தயங்கினால் அடுத்த கடைக்குப் போங்கள்.

முதலில் டயர். என் முதல் டிரெய்லரில் 15 அங்குல, லோட் ரேஞ்ச் (சுமை தாங்கும் தரம்) ஈ வகை டயர்கள். ஒன்று 2,830 பவுண்டு தாங்கும், நாலும் சேர்ந்து 11,320. எடைமேடையில் டிரெய்லர் ஆக்ஸில்கள் இரண்டிலும் சேர்த்து வந்தது 11,280. மிச்சம் நாற்பது பவுண்டு! அதுவும் எடை நாலு டயரிலும் சமமாக இறங்கினால்தான். எங்களுடையதில் சமையலறை இருக்கிற பக்கம் கனம், ஆகவே அந்தப் பக்க டயர் தினமும் வரம்பைத் தாண்டித்தான் ஓடியிருக்கிறது. இப்போது 16 அங்குல, லோட் ரேஞ்ச் ஜி டயர்கள். 110 பி.எஸ்.ஐ. காற்று, நிம்மதியான இடைவெளி. எந்த டயரானாலும் பக்கச்சுவரில் டாட் (DOT) என்ற எழுத்துகளுக்குப் பின் வரும் கடைசி நாலு எண்களைப் படியுங்கள், 2319 என்றால் 2019ஆம் வருஷத்தின் 23ஆவது வாரம். பட்டை எவ்வளவு புதிதாகத் தெரிந்தாலும் ஐந்தாறு வருஷம் ஆனதை நான் ஓட்டமாட்டேன்.

பின்னர் சேர்த்தது: ஜி டயர் மாற்றிய ஒருவருக்கு வால்வு பிய்த்துக்கொண்டு போனதாம். சக்கர விளிம்பும் 110 பி.எஸ்.ஐ. தாங்கும் என்று முத்திரை இருக்கவேண்டும், வால்வு உலோகத்தில் இருக்கவேண்டும். இதை நான் முதலிலேயே எழுதியிருக்கவேண்டும்.

அடுத்து ஆக்ஸில். இரண்டு ஆக்ஸிலின் திறனையும் கூட்டுங்கள். பல கம்பெனிகள் பின் வெயிட்டை ட்ரக் சுமக்கும் என்ற கணக்கில் ஆக்ஸிலை வரம்பு ஓரத்திலேயே வைக்கின்றன. அந்தக் கணக்கு சட்டப்படி சரிதான், ஆனால் வருஷம் முழுக்க ஓடுகிற வண்டிக்கு அது போதாது. 7,000 அல்லது 8,000 பவுண்டு ஆக்ஸில்களாகப் பாருங்கள். ஸ்பிரிங் மாட்டியிருக்கும் போல்ட்டுகளில் கிரீஸ் அடிக்கும் முனை இருக்கிறதா? இருந்தால் உள்ளே இருக்கும் புஷ் என்கிற வளையம் பெரும்பாலும் வெண்கலம். இல்லையென்றால் பெரும்பாலும் நைலான், அது சில ஆயிரம் மைலில் தேய்ந்துவிடும். இதை மாற்றும் செட் விலை அதிகமில்லை, எனவே இது ஒன்றுக்காக நல்ல டிரெய்லரை விடவேண்டாம். ஆனால் கையில் காசிருந்தால் மோர்ரைட் கம்பெனியின் ரப்பர் சஸ்பென்ஷனும் டிஸ்க் பிரேக்கும் உள்ளதாகத் தேடுங்கள். என் பணத்தை இன்னொரு முறை செலவழிக்கச் சொன்னால் முதலில் அங்கேதான் போடுவேன்.

சட்டகம் கடைசி. ட்ரக்கில் மாட்டிய நிலையில் ஒருவர் முன்கால்களை ஏற்றி இறக்கட்டும், நீங்கள் படுக்கையறை துருத்திக்கொண்டிருக்கும் முன்பகுதியின் அடியில் நின்று இரும்பும் சுவரும் சேரும் கோட்டைப் பாருங்கள். சுவர் தனியாகவும் இரும்பு தனியாகவும் அசைகிற மாதிரி இடைவெளி திறந்து மூடினால் உடனே விலகிவிடுங்கள். மூலைகளில் விரிசல், அடிக்கடி பூசிய புது சீலன்ட் (இடைவெளி அடைக்கும் பசை) இருந்தாலும் அதே சந்தேகம்தான்.

பிராண்டைப் பார்த்து இதையெல்லாம் தவிர்க்க முடியாதா என்று கேட்பார்கள். பெயர்கள் நூறு இருக்கும், ஆனால் பெரும்பாலானவை தோர், பெர்க்‌ஷயர் ஹாத்வேயின் கையிலுள்ள ஃபாரஸ்ட் ரிவர், வினபேகோ என்ற மூன்று குடைகளுக்குக் கீழே வருகின்றன, பெரும்பகுதி இண்டியானாவின் எல்க்ஹார்ட் சுற்றுவட்டாரத்தில் உருவாகின்றன, சட்டகமும் ஆக்ஸிலும் ஒரே சில சப்ளையர்களிடமிருந்து வருகின்றன. விதிவிலக்காக ஆர்க்டிக் ஃபாக்ஸ் டிரெய்லர்களைச் செய்கிற நார்த்வுட், ஓரிகானின் லா கிராண்டில் தன் சட்டகத்தைத் தானே செய்கிறது. எனக்கு அது பிடிக்கும். மற்றபடி பெயரை விட்டுவிட்டு அந்த ஒரு வண்டியை மட்டும் பாருங்கள்.

படி 4: கூரை, பிறகு ஈரம்

டிரெய்லர் சாவது பெரும்பாலும் தண்ணீரால். ஏறி நடந்து பாருங்கள், எங்கேயாவது பாதம் புதைகிற மாதிரி இருந்தால் உள்ளே பலகை ஊறிவிட்டது. காற்றுத்துளைகள், ஏணி, ஸ்லைடின் (நிறுத்தியதும் வெளியே நீளும் அறைப்பகுதி) மேல்மூலை ஆகிய இடங்களில் சீலன்ட் வெடித்திருக்கிறதா பாருங்கள். டைகார் போல தானே பரவும் சீலன்ட் ஒரு டியூப் எப்போதும் என்னிடம் இருக்கும், மூன்று மாதத்துக்கு ஒரு முறை மேலே ஏறுகிறேன்.

பிறகு இரண்டு ஊசி உள்ள ஈரமானி. விலை குறைந்ததே போதும். ஜன்னலுக்குக் கீழே, ஸ்லைடின் தரைமூலை, கட்டில் தலைப்பக்க அலமாரிக்குள் குத்திப் பாருங்கள். மரத்தில் 15 சதவீதத்துக்குக் கீழே நல்லது, 20ஐத் தாண்டினால் எங்கிருந்தோ ஒழுகுகிறது. வெளியே ஃபைபர் சுவரை மாலை வெயிலில் ஓரமாக நின்று பார்த்தால் உப்பல் தெரியும். மேலோடு பிரிய ஆரம்பித்த சுவரைச் சரிசெய்யும் செலவு எங்களைப் போன்றவர்கள் கையில் இல்லை.

படி 5: ஸ்லைடுகளை மூடிவிட்டு உள்ளே போங்கள்

கடையில் எல்லா ஸ்லைடும் திறந்திருக்கும். மூடச் சொல்லுங்கள். மூடிய நிலையில் கழிவறைக்குப் போக முடிகிறதா, ஃபிரிட்ஜ் திறக்கிறதா? நீங்கள் பாதி நாள் சாலையோர ஓய்விடத்தில் நிற்கப் போகிறவர்கள். ஒவ்வொரு ஸ்லைடும் சுவரில் வெட்டிய ஒரு பெரிய ஓட்டை என்பதால் எனக்கு மூன்றுக்கு மேல் வேண்டாம்.

"நாலு பருவத்துக்கும் ஏற்றது" என்ற வாசகத்துக்குப் பொதுவான அளவுகோல் எதுவும் இல்லை. இரட்டைக் கண்ணாடி ஜன்னல் இருக்கிறதா, தண்ணீர் டேங்குகள் இருக்கும் அடிப்பகுதிக்கு ஹீட்டர் குழாய் உண்மையிலேயே போகிறதா என்று கேளுங்கள். மின்சாரம் 50 ஆம்ப் எடுங்கள், அது 12,000 வாட். 30 ஆம்ப் வெறும் 3,600. ஏசி இரண்டு ஓடும்போது இந்த வித்தியாசம் புரியும்.

சரி, இப்போது சமையலறையைப் பாருங்கள்.

படி 6: காகிதங்கள்

பல கம்பெனிகளின் வாரண்டி, முழுநேரம் குடியிருந்தால் செல்லாது என்று எழுதியிருக்கும். கையெழுத்துக்கு முன் வாரண்டித் தாளை வாங்கி அந்த வரியைத் தேடுங்கள். காப்பீட்டிலும் முழுநேரக் குடியிருப்புக்கு என்று தனி வகை கேட்டு வாங்கவேண்டும். கம்பெனியையும் மாடலையும் போட்டு என்.எச்.டி.எஸ்.ஏ. என்கிற அரசு சாலைப் பாதுகாப்பு அமைப்பின் தளத்தில் ரீகால் (குறைக்காகக் கம்பெனி திரும்ப அழைப்பது) இருக்கிறதா என்று பார்ப்பதற்கு ஐந்து நிமிடம்தான் ஆகும். பழையது வாங்கினால் என்.ஆர்.வி.ஐ.ஏ. என்கிற வண்டி ஆய்வாளர் சங்கத்தின் சான்றிதழ் உள்ள ஆய்வாளர் ஒருவரை நீங்களே கூலி கொடுத்து அழைத்துப் போங்கள். விற்பவர் ஏற்பாடு செய்கிறவர் வேண்டாம்.

வாங்கிய பிறகு முதல் இரண்டு இரவு கடைக்குப் பக்கத்திலேயே, தண்ணீரும் மின்சாரமும் இணைத்துத் தங்குங்கள். எல்லாக் குழாயையும் திறங்கள், ஹீட்டரையும் ஏசியையும் ஓட்டுங்கள். எங்கள் இரண்டாவது டிரெய்லரில் குளியலறைக் குழாய் இணைப்பு ஒழுகியது அப்படித்தான் தெரிந்தது, மறுநாள் காலையே சரிசெய்து கொடுத்தார்கள்.

பின்னர் சேர்த்தது: ஓட்டுநர் உரிமம் பற்றி நிறையப் பேர் கேட்டுவிட்டீர்கள். இது மாநிலத்துக்கு மாநிலம் வேறு. கலிஃபோர்னியாவில் 10,000 பவுண்டைத் தாண்டிய ஃபிப்த் வீலுக்கு உரிமத்தில் தனிச் சேர்க்கை வேண்டும், 15,000ஐத் தாண்டினால் வணிகம் சாராத கிளாஸ் ஏ உரிமம். டெக்சாஸில் ட்ரக்கும் டிரெய்லரும் சேர்ந்த அனுமதி எடை 26,000ஐத் தாண்டி, டிரெய்லர் மட்டும் 10,000க்கு மேல் இருந்தால் அதே கிளாஸ் ஏ. உங்கள் உரிமம் எந்த மாநிலத்துடையதோ அந்த விதியைத்தான் பார்க்கவேண்டும், அதுவும் முன்பணம் கட்டுவதற்கு முன்னாலேயே.