முன் வரிசை மட்டும் போதாது

என் மகள் ஆறாம் வகுப்பு. இரண்டு காதிலும் காது கேட்கும் கருவி. தில்லி ஆர்.கே.புரத்தில் இருக்கிறோம். ஒவ்வோர் ஏப்ரலிலும் புது வகுப்பு தொடங்கும்போது ஆசிரியையிடம் ஒரே ஒரு தாள் எழுதிக் கொடுக்கிறேன். முன்பெல்லாம் மருத்துவ அறிக்கைகளைக் கட்டாகக் கொடுத்தேன். நாற்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு டெசிபல் கணக்கை அவர் என்ன செய்வார்?

அந்தத் தாளில் இருப்பவை இவ்வளவுதான். கரும்பலகையில் எழுதிக்கொண்டே பேச வேண்டாம். எழுதி முடித்துத் திரும்பிப் பேசுங்கள். "புரிந்ததா?" என்று கேட்டால் தலையாட்டிவிடுவாள், "நான் என்ன சொன்னேன், சொல்" என்று கேளுங்கள். மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார வைக்காதீர்கள். குழந்தையை முதல் வரிசையில் உட்கார வைத்தாலே வேலை முடிந்தது என்று பல பள்ளிகள் நினைக்கின்றன. கருவி ஆசிரியையின் குரலோடு விசிறியின் இரைச்சலையும் சேர்த்தே பெருக்கிக் கொடுக்கும்.

உதட்டசைவை மட்டும் பார்த்து எல்லாச் சொல்லையும் கண்டுபிடிக்க முடியாது. கண்ணாடி முன் நின்று, குரல் எழுப்பாமல் 'பாடு', 'மாடு' என்று சொல்லிப் பாருங்கள். உதடு இரண்டுக்கும் ஒரே மாதிரிதான் அசையும். ஓர் ஆசிரியைக்கு முன் நான் 'பாலா', 'மாலா' என்று வாயசைத்துக் காட்டினேன். எந்தப் பெயர் என்று அவரால் சொல்ல முடியவில்லை. அன்றிலிருந்து டிக்டேஷனில் தனிச் சொல்லாகச் சொல்லாமல் வாக்கியத்தில் வைத்துச் சொன்னார். விளக்கிச் சொல்வதைவிட இப்படிச் செய்து காட்டுவது பலிக்கிறது.

சேர்க்கையின்போதே ஒரு பள்ளி, "சிறப்புப் பள்ளிக்குப் போங்கள்" என்று எங்களைத் திருப்பி அனுப்பியது. உங்களுக்கும் அப்படி நடந்தால் தயங்காதீர்கள். மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016, அங்கீகாரம் பெற்ற பள்ளிகள் பாகுபாடின்றிச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்கிறது. குறைபாடு 40 சதவீதமோ அதற்கு மேலோ என்று சான்றிதழ் இருந்தால், 6 முதல் 18 வயது வரை அருகிலுள்ள பள்ளியிலோ, விரும்பினால் சிறப்புப் பள்ளியிலோ இலவசக் கல்வி பெறும் உரிமை உண்டு. மாற்றுத்திறனாளிகளுக்கு அரசு தரும் யு.டி.ஐ.டி. அடையாள அட்டையைச் சீக்கிரம் வாங்கிவிடுங்கள். சி.பி.எஸ்.இ. பொதுத்தேர்வில் மூன்று மணி நேரத் தாளுக்கு ஒரு மணி நேரம் கூடுதலாகக் கிடைக்கும். சலுகைகளைப் பள்ளி மூலம் முன்கூட்டியே கேட்க வேண்டும்.

பென்சில் பெட்டியில் மாற்று பேட்டரி எப்போதும் இருக்கட்டும். எப்படி மாற்றுவது என்று பக்கத்தில் உட்காரும் தோழிக்கும் காட்டிக் கொடுங்கள்.

மற்ற பிள்ளைகளின் பெற்றோரிடமும் ஒன்று கேட்கிறேன். "அவளுக்குச் சத்தம் ஒத்துக்கொள்ளாதே" என்று பிறந்தநாளுக்கு அழைக்காமல் விட்டுவிடாதீர்கள். வருவதா வேண்டாமா என்று அவளே சொல்லட்டும். பின்னாலிருந்து கத்தாமல் தோளைத் தொட்டுக் கூப்பிட உங்கள் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுங்கள், அது போதும்.

மைதானத்தில் விசில் பல நேரம் அவளுக்குக் கேட்பதில்லை. விசிலோடு கையையும் உயர்த்தும்படி விளையாட்டு ஆசிரியரைக் கேட்டுக்கொண்டேன். கோ-கோவுக்கு அதுவும் வேண்டியிருக்கவில்லை. அங்கே முதுகைத் தொட்டுத்தானே 'கோ' சொல்கிறார்கள்! தொட்ட மறுகணம் எழுந்து ஓடுகிறாள்.